டெலிகன்வர்ட்டர் மாட்டிப் பறவைப் படம்: பழவேற்காடு ஏரிக்கரையில் தொடங்குகிறவர்களுக்கு

அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை பழவேற்காடு ஏரியில் பூநாரைகளைப் பார்க்கலாம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பக்கம்தான். சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியை ஊடறுத்துக்கொண்டு போகிறது. சாலையோரம் நின்றாலே பறவைகள் கூட்டம் கூட்டமாகத் தெரியும். ஆனால் 300 மி.மீ. லென்ஸில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைக் கீற்றாகத்தான் இருக்கும். "அண்ணா, டெலிகன்வர்ட்டர் வாங்கினால் சரியாகிவிடுமா?" என்று தடாவிலும் ஆரம்பாக்கத்திலும் கேமரா தூக்கும் தம்பிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாதி சரியாகும். எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு வாங்கினால் காசு வீணாகாது.

முதலில் கணக்கைப் பாருங்கள்

டெலிகன்வர்ட்டர் என்பது லென்ஸுக்கும் கேமரா பாடிக்கும் நடுவில் மாட்டும் சின்னக் கண்ணாடிக் குழல். லென்ஸ் தரும் பிம்பத்தின் நடுப்பகுதியை அது விரித்துக் கொடுக்கிறது. அதே வெளிச்சம் அதிக இடத்தில் பரவுவதால் பிம்பம் மங்கும். 1.4 மடங்கு விரிக்கும் 1.4 எக்ஸ் மாட்டினால் ஒரு ஸ்டாப் போகும், அதாவது வெளிச்சம் பாதியாகும். 2 எக்ஸ் மாட்டினால் இரண்டு ஸ்டாப், அதாவது கால் பங்காகும். எஃப் எண் ஏற ஏற வெளிச்சம் குறைகிறது என்று பொருள். உங்கள் 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ் முதலாவதில் 420 மி.மீ. எஃப் 5.6 ஆகும், இரண்டாவதில் 600 மி.மீ. எஃப் 8 ஆகும்.

இதைப் பறவையின் மேல் வைத்துப் பார்ப்போம். நெட்டையான பெரிய பூநாரை ஒன்று ஏறக்குறைய 1.4 மீட்டர் உயரம் நிற்கும். 150 மீட்டர் தள்ளி அது நின்றால், 300 மி.மீ. லென்ஸில் சென்சாரின் மேல் விழும் உருவத்தின் உயரம் 2.8 மி.மீ. தொடக்கநிலைக் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் ஏ.பி.எஸ்.-சி. அளவு சென்சாரின் உயரமே சுமார் 15 மி.மீ.தான். ஆக, பறவை படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. 1.4 எக்ஸ் மாட்டினால் கால் பங்கு. 2 எக்ஸ் மாட்டினால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். பறவையின் மேல் விழும் பிக்சல்கள் 1.4 எக்ஸில் ஏறக்குறைய இரு மடங்கு, 2 எக்ஸில் நான்கு மடங்கு.

இப்போது அதே பறவை 400 மீட்டரில் நிற்கட்டும். 2 எக்ஸ் மாட்டினாலும் அது ஏழில் ஒரு பங்குதான். நடுவில் 400 மீட்டர் காற்று வேறு. டெலிகன்வர்ட்டர் வாங்குகிறவர்கள் பலர் இந்த இரண்டாவது பறவைக்காகத்தான் வாங்குகிறார்கள். பயன் கிடைப்பது முதல் பறவைக்கு. ஏற்கெனவே ஓரளவு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க இது அருமையான கருவி. எட்டாத தூரத்தில் இருப்பதை எட்ட வைக்காது.

உங்கள் லென்ஸ் ஒத்துக்கொள்ளுமா?

கேமராவோடு சேர்த்துத் தரும் 55-250, 70-300 வகை ஜூம் லென்ஸ்களில் கம்பெனி டெலிகன்வர்ட்டர் பெரும்பாலும் மாட்டாது. டெலிகன்வர்ட்டரின் முன்பக்கக் கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின்பக்கம் இடமில்லாத லென்ஸில் அதை அழுத்தினால் கண்ணாடியோடு கண்ணாடி இடித்துக் கீறிவிடும். வாங்குவதற்கு முன் உங்கள் லென்ஸ் கம்பெனியின் பொருத்தப் பட்டியலில் இரண்டு மாடல் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் "எல்லாத்துக்கும் போடும் சார்" என்று சொன்னால் அங்கேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆட்டோஃபோகஸ். பழைய டி.எஸ்.எல்.ஆர். பாடிகள் பல எஃப் 5.6 வரைதான் ஆட்டோஃபோகஸ் பிடிக்கும். நிக்கான் டி7200, கேனான் 7டி மார்க் 2 போன்றவற்றில் நடுப்புள்ளி மட்டும் எஃப் 8 வரை வேலை செய்யும். அப்படிப்பட்ட பாடியில் நிக்கான் 200-500 எஃப் 5.6 லென்ஸோடு 1.4 எக்ஸ் போட்டால் 700 மி.மீ. எஃப் 8, நடுப்புள்ளியில் ஓடும். 2 எக்ஸ் போட்டால் எஃப் 11, ஆட்டோஃபோகஸை மறந்துவிட வேண்டியதுதான். மிரர்லெஸ் கேமராக்களில் இந்தத் தலைவலி குறைவு. சோனி 200-600 லென்ஸில் 1.4 எக்ஸ் போட்டால் நீண்ட முனையில் 840 மி.மீ. எஃப் 9 வரும். அப்போதும் ஃபோகஸ் பிடிக்கும், நல்ல வெளிச்சம் மட்டும் வேண்டும்.

முதல் டெலிகன்வர்ட்டர் 1.4 எக்ஸாகவே இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. எஃப் 2.8 பிரைம் (ஜூம் ஆகாத, ஒரே நீள லென்ஸ்) வைத்திருப்பவர்களுக்குத்தான் 2 எக்ஸ் முழுசாகப் பலன் தரும்.

வீட்டில் ஒரு சோதனை, தவறாமல்

ஏரிக்குப் போவதற்கு முன்பே உங்கள் ஜோடி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பறவை எதிரில் நிற்கும்போது இதைச் சோதிக்க முடியாது.

ஒரு தினசரி காலண்டர் தாளைக் கிழித்துச் சுவரில் ஒட்டுங்கள். ராகுகாலம், எமகண்டம், ராசிபலன் என்று பொடி எழுத்து நிறைந்த தாள் எதுவும் சரி. காலை நேரத்தில், நிழலான வராந்தாவில், பதினைந்து மீட்டர் தள்ளி டிரைபாடில் கேமராவை வையுங்கள். லென்ஸின் நடுக்கம் தடுக்கும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பின்திரையில் காட்சி தெரியும் லைவ் வியூவைப் பெரிதாக்கி எழுத்தின் மேல் ஃபோகஸ் செய்து, இரண்டு வினாடி டைமர் வைத்து எடுங்கள். முதலில் வெறும் லென்ஸ், அப்புறம் கேமராவை அசைக்காமல் டெலிகன்வர்ட்டரோடு. மூன்றாவதாக, டெலிகன்வர்ட்டரோடு அபெர்ச்சரை ஒரு ஸ்டாப் குறைத்து இன்னொன்று.

கம்ப்யூட்டரில் முதல் படத்தை 140 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மற்ற இரண்டோடு பக்கத்தில் வையுங்கள். மேஷத்துக்கும் ரிஷபத்துக்கும் என்ன பலன் என்று எந்தப் படத்தில் தெளிவாகப் படிக்க முடிகிறது? டெலிகன்வர்ட்டர் படம் தெளிவாக இருந்தால் உங்கள் லென்ஸ் அதற்குத் தகுதியானது. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் லென்ஸின் கூர்மை அங்கேயே தீர்ந்துவிட்டது என்று பொருள். டெலிகன்வர்ட்டர் பிம்பத்தோடு சேர்த்து லென்ஸின் குறைகளையும் பெரிதாக்கும். அந்த லென்ஸுக்கு க்ராப் செய்துகொள்வதே போதும், டெலிகன்வர்ட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது படம் மட்டும் நன்றாக இருந்தால், வெளியிலும் ஒரு ஸ்டாப் குறைத்தே எடுங்கள்.

டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் அதே தாளை வியூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்தும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். லைவ் வியூ படம் கூர்மையாகவும் இது மங்கலாகவும் இருந்தால் ஃபோகஸ் முன்னேயோ பின்னேயோ விழுகிறது. மெனுவில் ஃபோகஸ் நுண்திருத்தம் இருந்தால் டெலிகன்வர்ட்டர் மாட்டிய நிலையில் தனியாகச் சரிசெய்யுங்கள்.

மாட்டும் முறை

கேமராவை அணையுங்கள். முதலில் டெலிகன்வர்ட்டரை லென்ஸில் மாட்டி, பிறகு இரண்டையும் சேர்த்துப் பாடியில் மாட்டினால் சென்சார் திறந்திருக்கும் நேரம் குறையும். பாடியின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். கடற்காற்று உப்பையும் மணலையும் வாரிக்கொண்டு வரும் இடம் இது. முடிந்தவரை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

ஏரிக்கரையில் செட்டிங்

வெயில் படும் பறவைக்கு வெறும் லென்ஸில் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400, ஷட்டர் 2000இல் ஒரு பங்கு வினாடி சரியாக இருந்தது என்று வையுங்கள். 1.4 எக்ஸ் மாட்டியதும் அதே ஷட்டருக்கு ஐ.எஸ்.ஓ. 800 வேண்டும், 2 எக்ஸுக்கு 1600. தொடங்குகிறவர்கள் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றப் பயந்து ஷட்டரைக் குறைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். புள்ளி புள்ளியான இரைச்சலைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், கை ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. நின்று மேயும் பறவைக்கு 1000இல் ஒரு பங்கு, பறக்கும் பறவைக்கு 2000இல் ஒரு பங்கு அல்லது அதற்கும் வேகம். ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டுவிட்டு ஷட்டரையும் அபெர்ச்சரையும் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

பூநாரை வெள்ளை, சேறு கறுப்பு. கேமரா சேற்றைப் பார்த்துப் படத்தை வெளிறடித்துவிடும், முதுகு இறகின் வரிகள் காணாமல் போகும். எக்ஸ்போஷரை மைனஸ் மூன்றில் இரண்டு ஸ்டாப் வைத்து ஹிஸ்டோகிராமை (படத்தின் இருட்டும் வெளிச்சமும் காட்டும் வரைபடத்தை)ப் பாருங்கள். வெளுத்த வானத்தில் பறக்கும் கூழைக்கடாவுக்கு நேர்மாறாகப் பிளஸ் ஒன்று.

டெலிகன்வர்ட்டர் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் மந்தமாகும். கேனானின் டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்களுக்கான இ.எஃப். டெலிகன்வர்ட்டர்கள் ஃபோகஸ் மோட்டாரின் வேகத்தை 1.4 எக்ஸில் பாதியாகவும், 2 எக்ஸில் கால் பங்காகவும் வேண்டுமென்றே குறைக்கின்றன. துல்லியம் கெடக்கூடாது என்பதற்காக. லென்ஸில் ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் சுவிட்ச் இருந்தால் தூரத்துப் பக்கம் தள்ளிவிடுங்கள், ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடி அலைவது குறையும். பறவை வருவதற்கு முன்பே அதே தூரத்திலுள்ள ஒரு கம்பத்தின் மேல் ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பதும் உதவும். பறக்கும் படம்தான் வேண்டும், பறவைகளும் பக்கத்தில்தான் வருகின்றன என்றால் டெலிகன்வர்ட்டரைக் கழற்றிவிடுங்கள். நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூட்டுக்குக் குச்சி தூக்கிக்கொண்டு திரும்பும் நேரத்தில் வெறும் லென்ஸே போதும். நீர்க்கடம்பு மரத்தில் உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

காரே உங்கள் மறைவிடம்

மனிதர் இறங்கி நடந்தால் விலகும் பறவை, நிற்கும் வண்டியைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. வண்டியைப் பாதுகாப்பாக ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். இன்ஜின் ஓடினால் அதன் நடுக்கம் 600 மி.மீ.யில் அப்படியே படத்தில் தெரியும். பழைய ஜீன்ஸ் காலை ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைத் தைத்து, முக்கால் பாகம் அரிசி நிரப்பி மறுமுனையையும் தைத்துவிட்டால், ஜன்னல் விளிம்பில் லென்ஸை வைக்க அதைவிட நல்ல தாங்கல் கிடையாது. ஏ.சி. போட்டு வந்திருந்தால் ஜன்னலைத் திறந்து உள்காற்றும் வெளிக்காற்றும் ஒன்றாகும்வரை பொறுங்கள். இல்லாவிட்டால் லென்ஸுக்கு முன்னாலேயே காற்று அலையும்.

இந்தச் சாலையின் மறுமுனையில் இருப்பது விண்வெளி மையம். ஏரிப் பக்கம் மட்டும் எடுங்கள், காவல் வாயில் பக்கம் லென்ஸைத் திருப்பவே வேண்டாம்.

கானல்

பழவேற்காட்டில் கெட்டுப்போகும் டெலிகன்வர்ட்டர் படங்களுக்குப் பெரும்பாலும் கானல்தான் காரணம். பழி மட்டும் டெலிகன்வர்ட்டர் மேல் விழுகிறது. வெயில் ஏறியதும் சேறு சூடாகி, அதன் மேல் காற்று அடுக்கு அடுக்காக வேறுவேறு சூட்டில் நிற்கும். ஒவ்வோர் அடுக்கும் ஒளியைக் கொஞ்சம் வளைக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் அந்த அலைவைத் தாண்டிப் பார்க்காது. டெலிகன்வர்ட்டர் அலைவையும் சேர்த்தே பெரிதாக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி, நிற்கும் பூநாரையின் காலைப் பாருங்கள். அது நீளமான மெல்லிய கோடு, நடுவில் முட்டி போலத் தெரியும் கணுக்கால் மூட்டு மட்டும் சற்றுத் தடித்திருக்கும். கோடு நேராக நின்றால் எடுங்கள். தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் நெளிய ஆரம்பித்தால் இன்னும் கொஞ்ச நேரம்தான். அந்த மூட்டுக்கு மேலும் நெளிந்தால் டெலிகன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு, பறவைக் கூட்டத்தோடு வானத்தையும் சேர்த்து அகலமாக எடுங்கள். வெயில் ஏறுவதற்கு முந்தைய நேரத்தை நம்புங்கள். முதல் லோக்கல் ரயிலில் வருகிறேன் என்றால் கூடத் தாமதம்தான். முந்தின நாளே சூலூர்பேட்டைக்கு வந்து தங்குங்கள்.

எவ்வளவு பக்கம் போகலாம்?

பூநாரை மேயும்போது அலகைத் தலைகீழாகச் சேற்றுத் தண்ணீரில் வைத்து வடிகட்டிக்கொண்டே நடக்கும். தலை கீழே இருக்கும்வரை உங்களைப் பற்றிய கவலை அதற்கு இல்லை. கூட்டத்தில் பல தலைகள் ஒரே சமயத்தில் நிமிர்ந்தால் அங்கேயே நில்லுங்கள். நிமிர்ந்தபடி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நான்கடி பின்வாங்குங்கள். சிவப்பும் கறுப்புமான இறக்கை தெரிய வேண்டும் என்பதற்காகக் கல்லெறிந்து கிளப்புகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அவற்றின் மேய்ச்சல் நேரமும் உடம்பின் தெம்பும் போகிறது. காத்திருந்தால் தாமாகவே எழும்பும். பக்கத்தில் போக வேண்டாம் என்பதற்காகத்தானே இந்தக் கண்ணாடிக்குக் காசு கொடுத்தோம்.

வீடு திரும்பியதும்

டெலிகன்வர்ட்டர் படத்தில் காண்ட்ராஸ்ட் சற்றுக் குறைந்திருக்கும். முதலில் அதை ஏற்றுங்கள், பிறகு கூர்மையைத் தொடுங்கள். இந்த வரிசையில் செய்தால் கூர்மையை அதிகம் ஏற்ற வேண்டியிருக்காது. கண் கூர்மையாக இல்லாத படங்களை அன்றைக்கே அழித்துவிடலாம்.

அப்புறம் உப்பு. டெலிகன்வர்ட்டர் மாட்டினால் இணைப்பு இரண்டு ஆகிவிடுகிறது. இரண்டு இடத்திலும் உலோகத் தொடுபுள்ளிகள் இருக்கின்றன. உலர்ந்த, நூல் உதிராத மெல்லிய துணியால் அவற்றைத் துடையுங்கள். படம் எடுக்கும்போது எஃப் எண் திடீரென்று மறைந்து மறைந்து வந்தால் பெரும்பாலும் அந்தப் புள்ளிகளில் படிந்த அழுக்குதான் காரணம். துடைத்த பிறகு இரண்டு மூடிகளையும் போட்டு, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.