அப்பாச்சி வாரியத்துக்குக் காலாண்டு அறிக்கை எழுதுவது எப்படி

திறமூல மென்பொருள்களை வளர்க்கும் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் கீழ் இயங்கும் ஒவ்வொரு திட்டமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறக்கட்டளையின் இயக்குநர் வாரியத்துக்கு அறிக்கை தர வேண்டும். புதிதாக முதல்நிலைத் திட்டமாக (தனி நிர்வாகக் குழுவோடு இயங்கும் திட்டமாக) உயர்ந்தவை முதல் மூன்று மாதம் மாதாமாதம் தந்துவிட்டுத்தான் காலாண்டுக் கணக்குக்கு வரும். வாரியம் வழக்கமாக மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை கூடுகிறது. அதற்கு ஒரு வாரம் முன்பே அறிக்கை நிகழ்ச்சி நிரலில் ஏறியிருக்க வேண்டும். பொறுப்பு பிஎம்சி எனப்படும் திட்ட நிர்வாகக் குழுவின் தலைவருடையது. ஆனால் எழுதுவதும் ஏற்றுவதும் அவர் கையாலேயே நடக்க வேண்டும் என்பதில்லை, பிஎம்சியில் யாரும் செய்யலாம்.

பலர் இதைச் சாதனைப் பட்டியலாக எழுதிவிடுகிறார்கள். வாரியத்தின் ஒன்பது இயக்குநர்களும் உங்கள் தேடல் பொறி எத்தனை மடங்கு வேகமானது என்று அறிய இதைப் படிப்பதில்லை. நாளைக்கு ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டால், அதைக் கவனித்து, அடைத்து, புதுப் பதிப்பு விட ஆள் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஒரு வெளியீடு செல்ல குறைந்தது மூன்று பிஎம்சி உறுப்பினர்களின் +1, அதாவது ஆதரவு வாக்கு, வேண்டும். அந்த மூன்று பேர் இருக்கிறார்களா, அவர்களுக்குப் பின்னால் வர யாராவது தயாராகிறார்களா? எதை எழுதுவது, எதை விடுவது என்று குழம்பும்போதெல்லாம் இந்தக் கேள்விக்குத் திரும்புங்கள்.

வேலையை அறிக்கை மாதத்தில் தொடங்கினால் ஞாபகத்திலிருந்து தோண்ட வேண்டியிருக்கும். திட்டத்தின் விக்கியிலோ களஞ்சியத்திலோ ஒரு சாதாரண உரைக் கோப்பை வைத்துக்கொண்டு, வெளியீடு நடந்த அன்றே, புது கமிட்டர் (நிரலை நேரடியாக மாற்றும் உரிமை பெற்றவர்) சேர்ந்த அன்றே தேதியோடு ஒரு வரி எழுதிவிடுங்கள். மாநாட்டில் யாரேனும் பேசினால், பெரிய விவாதம் ஒன்று முடிவுக்கு வந்தால், அதற்கும் ஒரு வரி. அந்தக் கோப்பைத் தலைவர் மட்டும் வைத்திருந்தால் அவர் ஊருக்குப் போன மாதத்தில் அறிக்கை நின்றுவிடும். எல்லோரும் எழுதும் இடத்தில் வையுங்கள். நினைவூட்டல் மடல் வந்ததும் முதலில் திறக்க வேண்டியது போன காலாண்டு அறிக்கையையும் அதற்கு இயக்குநர்கள் எழுதிய குறிப்புகளையும். "அடுத்த அறிக்கையில் சொல்கிறோம்" என்று நீங்களே எழுதியது ஏதேனும் அங்கே கிடக்கும்.

அறக்கட்டளையின் ரிப்போர்ட்டர் கருவி பாதி வேலையைச் செய்துவிடும். உறுப்பினர் எண்ணிக்கை, கடைசியாகச் சேர்ந்தவர் பெயர், வெளியீட்டுத் தேதிகள், கமிட் (நிரலில் பதிவான மாற்றம்), மடல், புகார்ச் சீட்டு எண்ணிக்கைகள் எல்லாம் அதில் வந்து நிற்கும். ஆபத்தும் இங்கேதான். அது தரும் எண்களை அப்படியே ஒட்டி அனுப்பும் அறிக்கைதான் இருப்பதிலேயே பயனற்றது. இப்படி:

"கமிட்கள் 38% குறைந்தன. மடல்கள் 15% கூடின. சமூகம் ஆரோக்கியமாக உள்ளது."

இதைப் படிக்கும் இயக்குநருக்கு ஒன்றும் தெரியவில்லை. எண்ணைப் பார்த்தால் சரிவு, மூன்றாவது வரியோ நலம் என்கிறது. இதையே இப்படி எழுதலாம்:

"மார்ச்சில் 3.0 வெளிவந்தபின் கமிட் குறைந்திருக்கிறது; பெரிய வெளியீட்டுக்குப் பிறகு எப்போதும் நடப்பதுதான். மடல் கூடியதற்குக் காரணம் 2.x-இலிருந்து மாறுவோரின் கேள்விகள். பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டே பேர். அந்தச் சுமையைப் பிரிக்க, அடிக்கடி வரும் கேள்விகளை ஆவணத்தில் சேர்த்து வருகிறோம். புதிதாக உதவும் ஒருவரை கவனித்து வருகிறோம்."

எண்கள் இல்லை, காரணம் இருக்கிறது, பலவீனமும் இருக்கிறது. "இரண்டே பேர்" என்ற சொல்லைத்தான் வாரியம் தேடிக்கொண்டிருந்தது. அந்தப் புதியவரின் பெயரை எழுதாததையும் கவனியுங்கள். கூட்டக் குறிப்புகள் ஒப்புதலானதும் பொதுவெளியில் வந்துவிடும். ஆட்களைச் சேர்ப்பது பற்றிய பேச்சு பிஎம்சியின் தனி மடற்குழுவுக்குள்ளேயே நிற்க வேண்டியது.

எண்ணையே நம்புவதில் இன்னொரு கோளாறு. திட்டம் சார்ந்திருக்கும் நிரல் நூலகங்களைப் புதுப்பிக்கும் பாட்கள், அதாவது தானியங்கி நிரல்கள், வாரம் முழுக்க இழு-கோரிக்கை (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் வேண்டுகோள்) போட்டுக்கொண்டே இருக்கும். மனிதர் யாரும் எட்டிப் பார்க்காத திட்டம்கூட வரைபடத்தில் பரபரப்பாகத் தெரியும். பாட் கணக்கைக் கழித்துவிட்டு, இந்த மூன்று மாதத்தில் கமிட் செய்தவர்கள் தனித்தனியாக எத்தனை பேர், கடைசி வெளியீட்டுக்கு வாக்களித்த பிஎம்சி உறுப்பினர்கள் யார் யார் என்று எண்ணுங்கள். பட்டியலில் இருபது பேர் இருந்து வாக்களித்தவர் சரியாக மூன்றே பேர் என்றால் அதை எழுதியே ஆக வேண்டும்.

உறுப்பினர் பகுதியில், புதியவர் யாரும் இல்லை என்றாலும் கடைசியாகச் சேர்ந்த கமிட்டரும் பிஎம்சி உறுப்பினரும் யார், எந்தத் தேதி என்று கட்டாயம் இருக்க வேண்டும். தேதி இரண்டு வருடம் பழையது என்றால் மறைக்க வேண்டாம், கேள்வி எப்படியும் வரும். யாரையாவது பரிசீலிக்கிறீர்களா, இல்லையென்றால் ஏன் என்று ஒரு வரி முன்கூட்டியே எழுதிவிட்டால் ஒரு சுற்று மடல் மிச்சம். கமிட்டர்கள் பெரும்பாலோர் ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். அது குற்றமில்லை. ஆனால் அந்த நிறுவனம் மனம் மாறினால் திட்டமே காலியாகிவிடும் என்பதால் வாரியம் அதைக் கவனிக்கிறது.

"வாரியம் கவனிக்க வேண்டியவை" என்ற பகுதியில் பெரும்பாலான காலாண்டுகளில் "ஏதுமில்லை" என்பதே சரியான விடை. அங்கே வர வேண்டியவை உங்களால் தனியே தீர்க்க முடியாதவை: திட்டத்தின் பெயரை வெளி நிறுவனம் தவறாகப் பயன்படுத்தி, கேட்டும் நிறுத்தவில்லை, பிஎம்சிக்குள் சண்டை முற்றி வெளியீடே நின்றுவிட்டது, இந்த மாதிரி. சோதனைச் சேவையகம் மெதுவாக ஓடுகிறது என்பது உள்கட்டமைப்புக் குழுவுக்குப் போக வேண்டிய சீட்டு. பொதுவில் வரக் கூடாத விஷயம் என்றால் பிரைவேட் குறிகளுக்கு இடையே எழுதினால் வெளியிடும் குறிப்பில் நீக்கிவிடுவார்கள். குறியை மூட மறந்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்காமல் இருப்பது நல்லது. இன்னும் அறிவிக்காத பாதுகாப்பு ஓட்டையின் விவரத்தை மட்டும் எந்தக் குறிக்குள்ளும் எழுத வேண்டாம்.

வரைவை மூன்று நான்கு நாள் முன்பே திட்டத்தின் பொது மடற்குழுவில் போடுங்கள். உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள், மாலையிலும் வார இறுதியிலும்தான் பார்ப்பார்கள். தனி விஷயம் இருந்தால் அந்தப் பத்தியை எடுத்துவிட்டுப் பொதுவில் போட்டு, முழு வரைவைத் தனிக் குழுவுக்கு அனுப்புங்கள். "கருத்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பதில் வராது. "வெளியீட்டுத் தேதிகள் சரியா, மாநாட்டு உரை ஏதும் விட்டுப்போனதா?" என்று கேட்டால் வரும். யாரும் பேசவில்லை என்றாலும் தேதி வந்ததும் ஏற்றிவிடலாம். இது வாக்கெடுப்பு அல்ல.

நீளம் ஒரு திரைக்குள் அடங்கட்டும். ஒரே கூட்டத்துக்குப் பல டஜன் அறிக்கைகள் வருகின்றன, இயக்குநர்களும் தன்னார்வலர்களே. சுருக்கப் பெயர்களை உங்கள் திட்டத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

தேதி தவறிவிட்டால் உலகம் கவிழ்ந்துவிடாது, அடுத்த மாதம் தரச் சொல்வார்கள். தொடர்ந்து தவறினால் பிஎம்சியில் யார் இருக்கிறீர்கள் என்று வருகைப் பதிவு கேட்கும் நிலை வரும். மூன்று பேர் கை தூக்கவில்லை என்றால் பேச்சு அட்டிக் பக்கம் திரும்பும். ஓய்ந்த திட்டங்களை வைக்க 2008-இல் ஏற்படுத்திய இடம் அது. திட்டம் முதிர்ந்து வேலை குறைந்துபோனது வேறு கதை. "புது வசதி எதுவும் இல்லை; நாங்கள் நால்வர் கவனித்துக்கொண்டிருக்கிறோம்; ஓட்டை வந்தால் அடைப்போம்" என்ற மூன்று வரி அறிக்கைக்கும் வாரியம் மகிழ்ச்சியோடு ஒப்புதல் தரும்.

தலைவரை மாற்றப் போகிறீர்கள் என்றால், அறிக்கையில் ஒரு வரி எழுதியதோடு மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். அதற்குத் தனித் தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் ஏற வேண்டும், வாரியம் நிறைவேற்ற வேண்டும். அதுவரை பழைய தலைவர்தான் பொறுப்பு. அடுத்த அறிக்கை அதற்குள் வந்தால் அதுவும் அவர் கணக்கில்தான்.