காலம் தாண்டிப் போகும் எச்சரிக்கைக் கடிதம்: காலப்பயணக் கதை எழுதத் தொடங்குபவர்களுக்கு

காலப்பயணக் கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தில்தான் தொடங்குகிறார்கள். அது எப்படி ஓடுகிறது, யார் கண்டுபிடித்தது, எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று பத்துப் பக்கம் போய்விடும். கதை இன்னும் தொடங்கியிருக்காது. முதல் கதைக்கு இயந்திரம் வேண்டாம் என்பது என் கருத்து. ஆள் போக வேண்டியதில்லை, ஒரு தாள் போனால் போதும். ஒருவர் எழுதுகிறார், இன்னொருவர் படிக்கிறார், நடுவில் இருபது வருடம்.

விளக்கத்துக்கு ஒரே கதையைக் கடைசி வரை எடுத்துக்கொள்வோம். 2024இல் இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி, 2004 நத்தார் (கிறிஸ்துமஸ்) தினத்தில் இலங்கையின் முல்லைத்தீவுக் கரையோரம் இருக்கும் தன் அம்மம்மாவுக்கு எழுதுகிறாள். அந்த வீட்டில் அப்போது அவளுக்கே ஆறு வயது.

படி 1: ஆபத்தைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். எல்லா அழிவுக்கும் எச்சரிக்கைக் கடிதம் எழுத முடியாது. செய்தி தெரியாததால் நடந்த அழிவு எது என்று தேடுங்கள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா (பௌர்ணமி) தினம். சுமாத்திராவுக்கு அருகே கடலடி அதிர்ந்தபோது கொழும்பில் காலை ஏழு மணி ஆகவில்லை, ஒரு நிமிடம் குறைவு. அலை இலங்கையின் கிழக்குக் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் நடுக்கம் நடந்து இருபது நிமிடத்துக்குள் தன் முதல் அறிவித்தலை வெளியிட்டுவிட்டது. ஆனால் அது பசிபிக் நாடுகளுக்குப் போன அறிவித்தல். இந்து சமுத்திரத்துக்கு அப்போது அப்படி ஓர் அமைப்பே இருக்கவில்லை. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முல்லைத்தீவு நகரம், கள்ளப்பாடு, செல்வபுரம் என்று கரையோரம் முழுக்க அடிபட்டது.

அந்த இரண்டு மணித்தியாலத்தில் முல்லைத்தீவுச் சனத்திடம் கால் இருந்தது, சைக்கிள் இருந்தது, கடலில் இருந்து தள்ளி உள்ள முள்ளியவளைக்குப் போகிற வீதி இருந்தது. செய்தி மட்டும்தான் வந்து சேரவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கடிதத்துக்கு வேலை இருக்கிறது.

முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அடங்கிய வன்னியில் பிறந்தவர்கள் காலப்பயணம் என்றதும் முதலில் நினைப்பது போர் முடிந்த 2009ஐத்தான். நானும் அதை நினைக்காமல் இதை எழுதவில்லை. ஆனாலும் முதல் கதைக்கு அந்த ஆண்டைத் தொடாதீர்கள் என்று சொல்வேன். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்துகொண்டே போன சனத்துக்கு வரப்போவது தெரியாமலா இருந்தது? செல் (பீரங்கிக் குண்டு) விழும் சத்தத்தை வைத்தே அது எந்தப் பக்கம் போகிறது என்று பிள்ளைகள்கூடச் சொன்னார்கள். அவர்களுக்கு வழிதான் இருக்கவில்லை. அங்கே ஒரு எச்சரிக்கைக் கடிதத்தை அனுப்பினால், தெரிந்திருந்தால் தப்பியிருப்பார்கள் என்று கதை சொல்லிவிடும். அது பொய், செத்தவர்கள் மேல் போடுகிற பழியும்கூட. அந்த ஆண்டுக்கு வேறு வகைக் கதை வேண்டும்.

படி 2: ஒரே ஒரு முகவரி

அரசாங்கத்துக்கும் பத்திரிகைக்கும் கடிதம் எழுத வைக்காதீர்கள். ஹவாயில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்தும் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் போனது. கதையிலும் அதேதான், முகவரி சரியில்லாவிட்டால் கடிதம் வீண். பெறுபவர் ஒருவராக இருக்கட்டும். பின்னேரத்துக்குள் அவரால் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கட்டும்.

அதிகாரம் உள்ளவருக்கு எழுதினால் கதை வேறு பக்கம் திரும்பும். 2018 டிசம்பர் 21 இரவுப் பெருமழையில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் ஏறியது நினைவிருக்கும். முன்கூட்டியே திறவுங்கள் என்று ஒரு வாரத்துக்கு முன்பு குளத்துக்குப் பொறுப்பானவருக்குக் கடிதம் வருகிறது என்று வையுங்கள். கடிதத்தை நம்பித் தண்ணீரை விட்டு, மழை பெய்யாமல் போனால் அடுத்த சிறுபோகத்துக்கு (கோடை நெல் பயிருக்கு) தண்ணீர் இல்லை. எத்தனை கமக்காரரின் வயல் காயும்! நம்பாமல் விட்டால் கனகராயன் ஆற்றின் கீழ்ப்பக்கத்துச் சனம் நனையும். இதுவும் அருமையான கதைதான். ஆனால் ஒரு ஊரின் கணக்கையே சுமக்கிற கதை, இரண்டாவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு அம்மம்மா போதும்.

படி 3: காலத்தின் விதி

கடிதம் எப்படிப் போகிறது என்பதற்கு இரண்டு வரிக்கு மேல் செலவழிக்க வேண்டாம். பழைய தகரப் பெட்டிக்குள் வைத்தால் மறுநாள் காணாமல் போகிறது, அவ்வளவுதான். ஒரே தடவைதான் போகும் என்று ஒரு கட்டுப்பாடு வையுங்கள்.

நடந்தது மாறுமா என்பதை மட்டும் எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். மூன்று வழி உண்டு. நடந்ததை மாற்றலாம் என்று வைத்தால் முரண்பாடு வரும்: அம்மம்மா தப்பிவிட்டால் பேத்திக்குக் கடிதம் எழுதக் காரணமே இல்லை, எழுதாத கடிதம் எப்படிப் போனது? காலம் கிளை பிரியும் என்று வைத்தால் முரண்பாடு தீரும். ஆனால் தப்புவது வேறோர் உலகத்து அம்மம்மா, இவளுடைய அம்மம்மா இல்லை. மூன்றாவது, நடந்தது நடந்ததுதான், கடிதமும் அதில் ஏற்கெனவே சேர்த்தி. ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் 1980களில் சொன்னது ஏறக்குறைய இதைத்தான்: கடந்த காலத்துக்குப் போகிற எதுவும் தனக்குத் தானே முரண்படாத விதத்தில்தான் நடக்கும்.

புதியவர்களுக்கு மூன்றாவதைச் சொல்வேன். சுனாமிக்குத் தப்பிய குடும்பங்களில் அன்று ஏன் வீட்டில் இல்லை என்று ஒரு கதை இருக்கும். யாரோ முதல் நாள் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார்கள், காரணம் பெரிதாக இருக்காது. உங்கள் கடிதத்தை அந்தக் காரணத்தின் இடத்தில் வையுங்கள். நம் கதையில் பேத்திக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நத்தார் அன்று பின்னேரம் அவளையும் தம்பியையும் சின்ன மாமாவோடு முள்ளியவளைக்கு அனுப்பினார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அம்மம்மா வரவில்லை.

ஆக, எழுதும்போதே அவளுக்குத் தெரியும், யார் தப்பினார்களோ அவர்கள்தான் தப்பப் போகிறார்கள். இருந்தும் ‘நீங்களும் வாங்கோ’ என்று எழுதுவாள். எழுதாமல் இருக்க ஏலாது. கதையின் உயிர் இந்த வரியில்தான் இருக்கிறது, அதை விளக்கிச் சொல்லப் போகாதீர்கள்.

படி 4: எப்படி நம்புவார்?

இங்கே பலர் எதிர்காலச் செய்திகளை அடுக்குவார்கள். கிரகணத்தை எழுதினால் ஆதாரம் ஆகாது, பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. தேர்தல் முடிவு, கிரிக்கெட் முடிவு என்றால் அது நடக்கும் வரை காத்திருக்க வேண்டும், அம்மம்மாவுக்கு ஒரு நாள்தான் இருக்கிறது.

பொருளாக எதையாவது வைத்து அனுப்பலாமா? 2004இல் இலங்கையில் ஐயாயிரம் ரூபாய்த் தாள் கிடையாது. ஒன்றை உறைக்குள் வைத்தால் பார்ப்பவர் திகைப்பார், உண்மைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு ஒருவர், புலிகளின் பகுதிக்கும் அரசுப் பகுதிக்கும் நடுவில் இருந்த ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு வந்தால் என்ன நடக்கும்? கள்ள நோட்டு என்று பிடிபடுவார். வன்னியில் கதை நடக்கிறதென்றால் எந்த ஆதாரமும் பெறுபவருக்கு ஆபத்தாகுமா என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள்ளே தேடுவதுதான் சிறந்தது. பேத்திக்கு அப்போது ஆறு வயது, அவளுடைய கையெழுத்தை அம்மம்மா அறியமாட்டார். ஆனால் ஆறு வயதுக் கண் எல்லாவற்றையும் பார்க்கும். அரிசி வாளியின் அடியில், பழைய சீலைத் துண்டில் சுற்றி, ஒரு சோடிக் காப்பை அம்மம்மா ஒளித்து வைத்ததைக் கதவுக்குப் பின்னால் நின்று அவள் பார்த்திருக்கிறாள். மகனுக்கும் தெரியாத விஷயம் அது. இந்த ஒரு வரி போதும், அம்மம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார்.

படி 5: கேட்பது சின்னதாக இருக்கட்டும்

‘கடல் பொங்கி ஊரை அழிக்கும், ஓடுங்கள்’ என்று எழுதினால் படிப்பவர் பயப்படுவார், ஒன்றும் செய்யமாட்டார். ‘பிள்ளைகளை இன்றைக்கு முள்ளியவளையில் படுக்க விடுங்கோ’ என்றால் செய்வார். நம்பிக்கை பாதியாக இருந்தாலும் செய்யக்கூடிய காரியமாகப் பாருங்கள்.

அலையைப் பற்றி எழுதும்போது கவனம் தேவை. கடல் முதலில் வற்றும், பிறகு வரும் என்றே பலரும் எழுதுவார்கள். தாய்லாந்துப் பக்கம் அப்படித்தான் நடந்தது. உடைந்த கடலடியின் கிழக்குப் புறம் தாழ்ந்து, மேற்குப் புறம் உயர்ந்ததால், இலங்கை, இந்தியப் பக்கத்துக்கு முதலில் வந்தது ஏறுகிற அலை, வற்றியது அதற்குப் பிறகு. கடல் வற்றினால் ஓடுங்கள் என்று அம்மம்மாவுக்கு எழுதினால், அவர் அந்த அடையாளத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

படி 6: மணிக்கூடு

இந்தக் கதையை வன்னியில் வைக்கச் சொல்வதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டின்போது இலங்கை அரசு மணிக்கூட்டை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே 2004இல் ஒரே தீவில் இரண்டு நேரம். கொழும்பில் ஒன்பது மணி என்றால் முல்லைத்தீவில் எட்டரை.

பேத்தி 2024இல் இருந்து எழுதுகிறாள். அவள் படித்த பதிவுகள் எல்லாம் கொழும்பு நேரத்தில் இருக்கின்றன. ‘காலை ஒன்பது மணியளவில்’ என்று எழுதிவிடுகிறாள். அம்மம்மா பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தான் மட்டும் நிற்கிறார். பக்கத்து வீடுகளுக்குச் சொல்ல வேண்டுமே! ஞாயிறு காலை ஒவ்வொரு படலையாகத் தட்டுகிறார். சுவர் மணிக்கூடு எட்டேகால் காட்டுகிறது. இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கிறது என்று அடுத்த ஒழுங்கைக்குத் திரும்புகிறார்.

யாரும் தவறு செய்யவில்லை, கடிதமும் பொய் சொல்லவில்லை. இப்படி ஒரு முடிச்சு கிடைத்தால் வில்லன் தேவையில்லை.

இதை வாசகர் முன்பே அறிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் ஏமாற்றியதாக நினைப்பார். கதையின் தொடக்கத்திலேயே வீட்டில் வானொலி பாடட்டும். அறிவிப்பாளர் நேரம் ஆறு மணி என்கிறார், சுவரில் ஐந்தரை. ஆறு வயதுப் பிள்ளை எது சரி என்று கேட்கிறது. ‘எங்கட மணிக்கூடுதான் சரி பிள்ளை’ என்று அம்மம்மா சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

படி 7: கடிதத்தை எழுதுதல்

கடிதம் கடிதம் போலவே இருக்கட்டும். நலம் விசாரித்துத் தொடங்காத கடிதத்தை அம்மம்மா சந்தேகிப்பார். ஒரு மாதிரி:

“அன்புள்ள அம்மம்மாவுக்கு, ஆண்டவர் கிருபையால் நான் நல்ல சுகம். இதை எழுதுவது யார் என்று சொன்னால் நம்பமாட்டீங்கள். அரிசி வாளிக்கு அடியில் பச்சைச் சீலைத் துண்டில் சுற்றின காப்புச் சோடியை நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தனான். இன்று வரை ஒருவருக்கும் சொல்லவில்லை. நாளைக்குக் காலமை ஒன்பது மணியளவில் கடல் ஊருக்குள் வரும். எங்கள் வீடு மிஞ்சாது. பிள்ளைகள் இரண்டு பேரையும் இன்றைக்குப் பின்னேரமே சின்ன மாமாவோடு முள்ளியவளைக்கு விடுங்கோ. தம்பிக்கு இருமல், போர்வை குடுத்து விடுங்கோ. நீங்களும் வாங்கோ அம்மம்மா. காப்பை எடுக்க வேண்டாம், கெதியாய் வாங்கோ.”

போர்வையைப் பாருங்கள். எச்சரிக்கைக்கு அது தேவையில்லை. ஆனால் அன்றிரவு தம்பி இருமினான் என்பது அங்கே படுத்த ஆளுக்குத்தான் தெரியும். இப்படி ஒரு வரி எல்லாக் கடிதத்திலும் இருக்க வேண்டும், அதைக் கண்டுபிடிக்கும் வரை திருத்தி எழுதுங்கள். மன்னிப்பு, தத்துவம், எதிர்கால உலகத்தின் வர்ணனை எல்லாவற்றையும் வெட்டுங்கள். கொப்பித் தாளில் ஒரு பக்கத்தைத் தாண்டினால் நீளம் அதிகம்.

கதைக்குள் இதை முழுதாக ஒரே தடவைதான் காட்ட வேண்டும். பேத்தி எழுதும்போது காட்டாதீர்கள், அம்மம்மா படிக்கும்போது காட்டுங்கள். படிக்கிற கையில் மீன் வெட்டிய ஈரம் இருக்கலாம், நத்தாருக்கு வந்தவர்கள் முற்றத்தில் பேசிக்கொண்டிருக்கலாம். அவர் எந்த வரியில் நிறுத்தினார், எதை இரண்டாம் தரம் படித்தார் என்பதை எழுதுங்கள். அதற்குப் பிறகு எழுந்து போய் அரிசி வாளியைத் திறக்கட்டும்.