பிள்ளையின் டிஜிட்டல் தொகுப்பில் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

முன்னேற்ற அட்டை வெறும் மதிப்பெண்ணோடு நின்றுவிடக் கூடாது என்றது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. பிள்ளையின் அறிவு, மனம், உடல் எல்லாவற்றின் வளர்ச்சியும் அதில் தெரிய வேண்டும், ஆசிரியரோடு பிள்ளையும் சக மாணவர்களும் மதிப்பிட வேண்டும் என்றும் சொன்னது. அதற்குப் பிறகு பல பள்ளிகளில் 'போர்ட்ஃபோலியோ' என்ற சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் திடீரென்று ஒரு செய்தி வரும்: டிஜிட்டல் போர்ட்ஃபோலியோவுக்குப் பிள்ளையின் படங்களை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும். அன்று ராத்திரி அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்து போனைத் துழாவி, பார்க்க நன்றாக இருக்கிற படங்களாகப் பொறுக்கி அனுப்புவார்கள். பிள்ளை அப்போது தூங்கிக்கொண்டிருக்கும்.

முதல் தவறு அங்கேயே நடந்துவிட்டது. இந்தத் தொகுப்பு பிள்ளையுடையது. தான் வரைந்தது, எழுதியது, கட்டிப் பார்த்தது, படித்துக் காட்டியது, செய்து சரிவராமல் போனது என எல்லாவற்றிலிருந்தும் பிள்ளையே சிலவற்றை எடுத்து, ஏன் எடுத்தேன் என்று தன் வாயால் சொல்லிச் சேர்த்து வைப்பதுதான் அது. அந்தத் தேர்வைப் பெரியவர் செய்துவிட்டால் மிஞ்சுவது ஒரு குடும்ப ஆல்பம். ஆல்பம் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. ஆனால் கற்றலில் அது செய்கிற வேலை எதுவும் கிடையாது.

சின்னப் பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியுமா என்று கேட்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளை முன்னால் முப்பது படத்தைக் கொட்டினால் திணறத்தான் செய்யும். மூன்றை மட்டும் வைத்து, "இதில் எதை வச்சுக்கலாம்?" என்று கேட்டால் சட்டென்று கை நீட்டும். பெரும்பாலும் நாம் நினைக்காத ஒன்றை எடுக்கும். கோட்டுக்கு வெளியே வண்ணம் வழிந்த யானையை எடுத்து, "இதுல தும்பிக்கை மட்டும் நான் பாக்காம போட்டேன்" என்று சொல்லும். அந்த ஒரு வாக்கியத்தில் ஆசிரியருக்கு எவ்வளவு தகவல் இருக்கிறது! பார்த்து வரைவதிலிருந்து நினைவில் வைத்து வரைவதற்குப் பிள்ளை நகர்ந்திருக்கிறது. பெரியவர் தேர்ந்தெடுத்திருந்தால் அந்த யானை குப்பைக்குப் போயிருக்கும்.

சான்றிதழ்ப் பெட்டி ஆக்குவது

'முழுமையான கல்வி' என்றதும் பலர் கராத்தே, கீபோர்டு, அபாகஸ், ரோபாட்டிக்ஸ் என்று வகுப்புகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் வாங்கிய சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். பணம் கட்டிக் கலந்துகொண்டாலே சான்றிதழ் தருகிற போட்டிகள் ஊருக்கு ஊர் நடக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளை அன்று அங்கே இருந்தது என்பதற்கு மேல் அந்தக் காகிதம் எதையும் சொல்லாது. தாத்தாவுக்கு போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தது, தோழியோடு சண்டை போட்டுத் திரும்பச் சேர்ந்தது, சைக்கிள் செயின் கழன்றபோது தானே மாட்டியது, பாட்டியிடம் புள்ளிக்கோலம் கற்றுக்கொண்டது இவையும் முழுமையான கல்விக்குள் வருகிறவைதான். இவற்றுக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை, அதனால்தான் தொகுப்பில் இவற்றுக்கு இடம் வேண்டும்.

முடிந்ததை மட்டும் வைப்பது

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற தவறு இது. அழகாக எழுதி முடித்த கட்டுரையின் படம் இருக்கும். அதற்கு முன்னால் அடித்து அடித்து எழுதிய இரண்டு தாள்களும் இருக்காது. முளைவிட்ட பச்சைப்பயறு இருக்கும், தண்ணீர் அதிகமாகி அழுகிப்போன முதல் டப்பா இருக்காது. பிள்ளை எதைக் கற்றுக்கொண்டது என்பது அந்த இரண்டுக்கும் இடையில்தானே கிடக்கிறது.

இதில் டிஜிட்டல் முறைக்கு ஒரு பலம் உண்டு. காகிதக் கோப்பால் செய்ய முடியாததை அது செய்யும்: குரலைப் பிடித்து வைக்கும். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஜூனில் தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியை வாசிக்கிறாள். 'பள்ளம்', 'பழம்' இரண்டிலும் நாக்கு ஒரே இடத்தில் நிற்கிறது. நிறுத்தக் குறி எதுவும் கண்ணில் படவில்லை. ஒரே மூச்சு. போனில் அதைப் பதிவு செய்து வைத்தாயிற்று. நவம்பரில் அதே பத்தியை மறுபடி வாசிக்கச் சொல்லி, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்க வைத்தபோது அவள் முதல் பதிவைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "இங்க நான் மூச்சே விடல" என்றாள். மூச்சு விடும் இடத்தில்தான் கமா இருக்கிறது என்பதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். 'நன்று, இன்னும் முயற்சி தேவை' என்று அட்டையில் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. ஜூன் பதிவு சரியில்லை என்று யாராவது அழித்திருந்தாலும் நடந்திருக்காது.

ஆகவே ஒவ்வொன்றோடும் தேதி இருக்கட்டும். முதல் முயற்சியும் கடைசி முயற்சியும் ஜோடியாக இருக்கட்டும்.

பிள்ளையின் வாயில் நம் வார்த்தையை வைப்பது

தொகுப்பில் ஒவ்வொரு வேலைக்கும் கீழே பிள்ளை தன் கருத்தை எழுத ஒரு கட்டம் இருக்கும். பல பள்ளிகளில் அது ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். விளைவு, நாற்பது பிள்ளைகளும் ஒரே மாதிரி எழுதுவார்கள்: இந்தச் செயல்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது, இதன் மூலம் குழு உணர்வைக் கற்றுக்கொண்டேன். யாரோ பலகையில் எழுதிப் போட்ட வாக்கியம் அது. சிந்திக்க ஒரு மொழி, எழுத்தில் தப்பில்லாமல் போட வேறொரு மொழி என்றால், பிள்ளை சிந்திப்பதை விட்டுவிட்டுத் தப்பில்லாமல் எழுதுவதைத்தான் பார்க்கும். வீட்டில் பேசுகிற தமிழிலோ தெலுங்கிலோ உருதுவிலோ ஒரு நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்தால் போதும். எழுத்துப் பிழை பயமும் இல்லை.

கேட்கிற கேள்வியும் முக்கியம். "நல்லா செஞ்சிருக்கியா?" என்றால் "ம்" என்று பதில் வரும், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். "இதுல எந்த இடம் கஷ்டமா இருந்துச்சு?", "திரும்பச் செஞ்சா எதை மாத்துவே?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அந்த மௌனம் பெரியவர்களுக்குக் கடினம். பத்து நொடிகூடப் பொறுக்காமல் நாமே பதிலை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

மதிப்பெண் போடுவது

இதில் நம் மாநிலத்துக்கே ஒரு அனுபவம் இருக்கிறது. 2012-13இல் தமிழ்நாட்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. பருவக் கடைசித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60, பருவம் நடக்கும்போதே செய்கிற வளரறி மதிப்பீட்டுக்கு (எஃப்ஏ) 40. அந்த நாற்பதில் பாதி செயல்பாடுகளுக்கு. நோக்கம் அருமையானது. ஆனால் செயல்பாட்டுக்கு மதிப்பெண் என்றானதும் பல ஊர்களில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். பிரவுசிங் சென்டரில் 'எஃப்ஏ ப்ராஜெக்ட்' என்று கேட்டால் படங்களை அச்சடித்துத் தருவார்கள், அம்மா வெட்டுவார், அண்ணன் ஒட்டுவான், பிள்ளை தன் பெயரை எழுதும். சிபிஎஸ்இ பள்ளிகளிலும் இதே மதிப்பீட்டு முறை 2009இல் தொடங்கி 2017இல் கைவிடப்பட்டது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1990களின் தொடக்கத்தில் எழுத்துக்கும் கணிதத்துக்கும் மாநிலம் முழுக்கத் தொகுப்பு மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. டேனியல் கோரெட்ஸும் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் அவருடன் இருந்தவர்களும் அதை ஆராய்ந்தார்கள். ஒரே தொகுப்புக்கு இருவர் தனித்தனியே போட்ட மதிப்பெண்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஆசிரியர்கள் பாடம் நடத்தும் விதம் நல்லபடியாக மாறியிருந்தது. தொகுப்பு எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சரி, மதிப்பெண்ணும் இருக்கட்டும், பக்கத்தில் கருத்தும் எழுதலாமே என்று தோன்றும். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. கருத்து மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். கருத்தோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண் கண்ணில் பட்டதும் எழுத்து மறைந்துவிடுகிறது.

அப்படியானால் ஆசிரியர் என்ன எழுதுவது? நியூசிலாந்தின் மழலையர் கல்வியில் மார்கரெட் கார் வளர்த்தெடுத்த 'கற்றல் கதைகள்' என்ற முறை எனக்கு மிகவும் பிடித்தது. பட்டியலில் டிக் அடிக்காமல், தான் பார்த்ததை ஆசிரியர் ஒரு சின்னக் கதையாக எழுதுகிறார். பல நேரம் அது பிள்ளைக்கே எழுதிய கடிதமாக இருக்கும்: நீ இன்று இப்படிச் செய்தாய், கோபுரம் விழுந்தும் திரும்பக் கட்டினாய். நாற்பது பேருக்கு வாராவாரம் எழுத எந்த ஆசிரியராலும் ஆகாது. பருவத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஒன்று என்றால் முடியும்.

சாவி யார் கையில்?

பிள்ளைக்குச் சொந்தம் என்கிறோம், ஆனால் தொகுப்பு இருப்பது பள்ளி கொடுத்த கணக்கில், அல்லது பள்ளி சந்தா கட்டும் ஒரு செயலியில். டிசி வாங்கிய பிறகு அந்தக் கணக்கு மூடப்படும். பள்ளி அடுத்த வருடம் வேறு செயலிக்கு மாறினாலும் அதே கதிதான். ஐந்து வருட வேலை ஒரே நாளில் போய்விடும். சேரும்போதே பள்ளியிடம் கேட்க வேண்டியது: எல்லாவற்றையும் ஒரே தடவையில் பதிவிறக்க வழி இருக்கிறதா, எந்த வடிவில் கிடைக்கும், பள்ளியை விட்டுப் போன பிறகு எத்தனை நாள் திறந்திருக்கும்? கூகுளின் பள்ளிக் கணக்கு என்றால், நிர்வாகி அனுமதித்திருக்கும் பட்சத்தில், உள்ளே இருப்பதைச் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. கணக்கு மூடிய பிறகு கேட்டுப் பயனில்லை.

சொந்தக் கணக்கிலும் கவனம் வேண்டும். 13 வயது நிறையாத பிள்ளைக்கு நம் நாட்டில் பெற்றோர் ஃபேமிலி லிங்க் என்ற பெற்றோர் கண்காணிப்பு வசதி வழியாகத்தான் கூகுள் கணக்கு தொடங்கித் தர முடியும். வயதைக் கூட்டிப் போட்டுத் தொடங்குவது பின்னால் தொல்லை. இரண்டு வருடம் யாரும் திறக்காத கணக்கை அழிக்கும் உரிமையை கூகுள் வைத்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதி முதலான விவரங்களும் அதோடு போய்விடும். டாக்குமென்டாக அனுப்பினால் அசல் அப்படியே வரும். கோப்புகளை ஜேபெக், பிடிஎஃப், எம்பி3 போன்ற எங்கும் திறக்கிற வடிவங்களில் வைப்பது நல்லது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கினால் பன்னிரண்டு வருடம் தாங்க வேண்டுமே. வருடத்துக்கு ஒரு முறை ஒரு பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ நகல் எடுத்து வையுங்கள். கோப்பின் பெயரில் வருடம், மாதம், என்ன வேலை என்று இருந்தால் தேடும்போது கஷ்டப்பட வேண்டாம்.

ஊருக்கெல்லாம் காட்டுவது

பிள்ளை அழுதுகொண்டே படித்துக் காட்டிய வீடியோ ஸ்டேட்டஸில் ஏறுகிறது. நாமே சிரிக்கிற இமோஜியும் போடுகிறோம். மறுநாள் வகுப்பில் யாராவது அதைச் சொல்லிக் கேலி செய்தால், அந்தப் பிள்ளை தன் தடுமாற்றத்தை இனி யாருக்கும் காட்டாது. தொகுப்பு அன்றோடு செத்துவிடும். பாதுகாப்புப் பிரச்சினையும் இருக்கிறது: சீருடையில் பள்ளியின் பெயர், அடையாள அட்டையில் முகவரி, சில படங்களின் உள்ளே எடுத்த இடத்தின் விவரம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பள்ளிகளுக்குச் சில விலக்குகள் உண்டு. ஆனால் சட்டம் பேசுவது பெற்றோரின் ஒப்புதலைப் பற்றி. பிள்ளையின் சம்மதத்தைக் கேட்பது நம் பொறுப்பு. "இதைச் சித்திக்கு அனுப்பட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அனுப்பாதீர்கள்.

போன் ஒன்றுதான், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துப் போகிறார் என்ற வீடுகள் நிறைய. அங்கே தினமும் பதிவேற்றச் சொல்வது அநியாயம். ஒரு துணிப்பையில் தாள்களைச் சேர்த்து வைத்து, மாதம் ஒரு தடவை பள்ளிக் கணினியிலேயே பிள்ளை ஏற்றிக்கொள்ளலாம். ஆசிரியர் தன் சொந்த போனில் பிள்ளைகளின் படங்களைச் சேர்த்து வைத்திருப்பதும் சரியில்லை. ஏற்றிய அன்றே அழித்துவிட வேண்டும்.

யாரும் திறந்து பார்க்காமல் இருப்பது

அளவுக்கு மீறிச் சேர்ப்பதும் இதில் சேர்த்திதான். ஐந்நூறு படம் இருந்தால் யாரும் திறக்க மாட்டார்கள், பிள்ளை உட்பட. பருவத்துக்கு ஐந்தாறு போதும்.

பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் பேசுவார், அப்பா தலையாட்டுவார், பிள்ளை ஓரமாக நிற்கும். அதை மாற்றிப் பாருங்கள். பிள்ளை நடுவில் உட்கார்ந்து தன் தொகுப்பைத் திறந்து, பத்து நிமிடம் தானே விளக்கட்டும். ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் போதும். முதல் தடவை குரல் வெளியே வராது. இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்க்கும். அப்போது "மேத்ஸ்ல எவ்ளோ?" என்று குறுக்கே கேட்காமல் இருப்பதுதான் பெற்றோர் செய்ய வேண்டிய ஒரே உதவி. அதை அப்புறம் ஆசிரியரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

வருடக் கடைசியில், பரீட்சை முடிந்த வாரத்தில், பிள்ளையோடு உட்கார்ந்து முழுவதையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். எதை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோவது, எதை நீக்குவது என்று பிள்ளை முடிவு செய்யட்டும். வேண்டாம் என்று நினைப்பதைத் தன் கையாலேயே அழிக்கட்டும். உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தால், பிள்ளையிடம் கேட்டுவிட்டு உங்கள் போனில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.