ஃபெசன்ட் டெயில் நிம்ஃப்: முதல் ஃப்ளையைக் கட்டி டிரவுட் பிடிக்கும் முறை

டிரவுட் மீன் நீரின் மேல் எழும்பிப் பூச்சியைக் கவ்வுவதைப் பார்த்துத்தான் பலருக்கும், தூண்டில் முள்ளில் பூச்சியைப்போல ஒரு ஃப்ளையைக் கட்டி மீன் பிடிக்கும் இந்தக் கலையில் ஆசை வருகிறது. ஆனால் அது தன் இரையில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியில்தான் தின்கிறது. மேஃப்ளை என்ற பூச்சியைப் பாருங்கள். சிறகு முளைத்தபின் அது உயிரோடிருப்பது ஒரு நாளோ சில நாட்களோதான். அதற்கு முன் மாதக்கணக்கில் ஆற்றின் அடியில், கற்களின் மேலும் கீழும், நிம்ஃப் என்ற இளம்பருவத்தில் வாழ்கிறது. ஆகவே மீனுக்கு அன்றாடம் கிடைப்பது நிம்ஃப். நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள். மிதக்கும் ஃப்ளை பிறகு வரட்டும்.

இங்கே கட்டப்போவது ஃபெசன்ட் டெயில் நிம்ஃப். இங்கிலாந்தில் வில்ட்ஷயரின் ஏவன் ஆற்றைப் பராமரித்துவந்த ஃபிராங்க் சாயர் உருவாக்கியது. அவர் நூலே பயன்படுத்தவில்லை. ஃபெசன்ட் பறவையின் வால் இறகும் மெல்லிய செப்புக் கம்பியும் மட்டுமே. கம்பியை நூலைப்போல ஆள்வது புதியவருக்குக் கடினம் என்பதால் நாம் நூலோடு கட்டுவோம். சாயரிடமிருந்து விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: உடல் ஒல்லியாக இருக்க வேண்டும். பருத்த ஃப்ளை தண்ணீரைத் தடுத்து மெதுவாக இறங்கும், ஒல்லியானது சட்டென்று இறங்கும். கீழே வரும் படிகளில் பாதி இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

கட்டுமுன் ஒரு கல்லைப் புரட்டுங்கள்

ஓடும் நீரில் முழங்கால் ஆழத்தில் கிடக்கும் ஒரு கல்லை எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். வயிற்றின் இருபுறமும் செவுள்கள், பெரும்பாலும் மூன்று வால் (சிலவற்றுக்கு இரண்டு) என்றால் மேஃப்ளை நிம்ஃப். எப்போதும் இரண்டே வால், நீண்ட உணர்கொம்பு, வயிற்றில் செவுள் இல்லை என்றால் ஸ்டோன்ஃப்ளை. மணலையும் குச்சியையும் ஒட்டிச் செய்த குழலுக்குள் ஒளிந்திருந்தால் காடிஸ் புழு. பார்த்ததும் கல்லை முன்பிருந்தபடியே வைத்துவிடுங்கள்.

குறித்துக்கொள்ள வேண்டியவை நீளமும் நிறமும். வால் நீங்கலாகப் பூச்சியின் நீளத்தை முள்ளின் தண்டோடு, அதாவது அதன் நேரான பகுதியோடு, ஒப்பிடுங்கள். முள்ளின் எண் கூடக்கூட அளவு சிறியது: 14ஐ விட 16 சின்னது. இரண்டுக்கும் நடுவே ஐயம் வந்தால் சின்னதையே எடுங்கள். அளவு தவறினால் மீன் விலகிப்போகிறது. நிறத்தில் சிறிது வேறுபாட்டை அது பொறுத்துக்கொள்கிறது.

தேவையானவை

கருவிகளில் வைஸ் (முள்ளைப் பிடிக்கும் பிடிப்பான்), பாபின் (நூல்கண்டைத் தாங்கும் கருவி), கூர்முனைக் கத்தரி, கூடவே ஓர் இடுக்கியும் ஊசியும் போதும். வைஸ் முள்ளை அசையாமல் பிடித்தால் சரி, விலை உயர்ந்தது வேண்டாம். காசு செலவழிப்பதென்றால் கத்தரிக்குச் செலவழியுங்கள்.

பொருட்கள்: 14ஆம் எண் நிம்ஃப் முள், பழுப்பு நிறத்தில் மெல்லிய நூல் (8/0 அல்லது 70 டெனியர் என்று குறித்தது), ஃபெசன்ட் சேவலின் நடு வால் இறகு ஒன்று, மெல்லிய செப்புக் கம்பி, மயில் தோகை இழை, சிறிது வார்னிஷ். ஆற்றில் 16ஆம் எண்தான் அதிகம் உதவும் என்றாலும், கை பழகும்வரை 14லேயே கட்டுங்கள்.

கட்டும் முறை

படிகள் வலக்கைக்காரருக்கு எழுதியவை. நூல் எப்போதும் முள்ளுக்கு மேலாக உங்களை விட்டு விலகிப் போய், அடியில் உங்களிடம் திரும்பும்.

1. முள் முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். இதை முதலிலேயே செய்யுங்கள். சில முட்கள் நசுக்கும்போது உடையும். கட்டி முடித்தபின் உடைந்தால் உழைப்பும் போச்சு. பிறகு முள்ளின் வளைவை வைஸில் பொருத்தி, தண்டு கிடைமட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

2. தூண்டில் நரம்பு நுழையும் துளையான முள்ளின் காதுக்குப் பின்னால், காதின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு இடத்தை வெறுமையாக விட்டு நூலைத் தொடங்குங்கள். நூல் நுனியை இடக்கையில் பிடித்து, அதன்மேலேயே பின்னோக்கி ஐந்தாறு சுற்று சுற்றினால் தானாகப் பிடித்துக்கொள்ளும். மிச்ச நுனியை வெட்டிவிட்டு, சுற்றுகள் ஒன்றையொன்று தொடும்படி வளைவு தொடங்கும் இடம்வரை போங்கள். வெறும் தண்டில் கட்டிய எதுவும் வழுக்கிச் சுழலும். இந்த நூல் படுக்கைதான் மற்றவற்றுக்குப் பிடிமானம்.

3. வால்: இறகிலிருந்து ஐந்து இழைகளை, நடுத்தண்டுக்குச் செங்குத்தாக வரும்வரை விலக்கிப் பிடியுங்கள். நுனிகள் தாமாகவே ஒரே வரிசைக்கு வரும். அப்படியே அடியில் வெட்டுங்கள். வளைவுக்கு அப்பால் தண்டின் பாதி நீளத்துக்கு நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கட்டும். இழைகளைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தண்டின் மேல் பிடித்து, நூலை அந்த விரல்களுக்குள்ளேயே தளர்வாக மேலே கொண்டுபோய் மறுபக்கம் இறக்கி, நேர் கீழாக இழுத்து இறுக்குங்கள். இதே பிடியில் இன்னும் இரண்டு சுற்று. விரலை எடுத்தபின் இறுக்கினால் நூல் இழைகளைத் தள்ளிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். அப்படியும் சரிந்தால், தொடக்கத்திலேயே இழைகளை உங்கள் பக்கமாகச் சற்றுச் சாய்த்து வையுங்கள். நூலின் இழுப்பே அவற்றை உச்சிக்கு ஏற்றிவிடும். இழைகளின் அடிப்பகுதியை வெட்ட வேண்டாம், உடல் அதில்தான் வரப்போகிறது.

4. செப்புக் கம்பியைத் தண்டின் நீளவாக்கில் படுக்கவைத்து, வால் அடிவரை நூலால் மூடுங்கள். ஒரே இடத்தில் கட்டினால் அங்கே முடிச்சு போலப் புடைக்கும், பிறகு உடலும் மேடுபள்ளமாகும். மீதிக் கம்பி வால் பக்கம் தொங்கட்டும். நூலைத் தண்டின் மூன்றில் இரண்டு பங்கு தூரம்வரை முன்னே கொண்டுவாருங்கள்.

5. உடல்: இழைகளை ஒன்றாகச் சேர்த்து, நூல் போகும் அதே திசையில், இடைவெளி விடாமல் முன்னோக்கிச் சுற்றி, நூல் நிற்கும் இடத்தில் கட்டுங்கள். இழைகள் உடைந்துகொண்டே இருந்தால் நீங்கள் அதிகமாக இழுக்கிறீர்கள், அல்லது இறகு காய்ந்துவிட்டது. ஈரத் துணியில் சற்றுநேரம் வைத்தால் வளையும்.

6. கம்பியை எதிர்த்திசையில், நாலைந்து சுற்றாக இடைவெளி விட்டு முன்னே கொண்டுவந்து கட்டுங்கள். டிரவுட்டின் பல் பட்டால் இழை அறுந்துவிடும்; குறுக்கே ஓடும் கம்பி, ஓர் இழை அறுந்தாலும் மற்றவை அவிழாமல் காக்கும். அதே திசையில் சுற்றினால் கம்பி இழைகளுக்கு நடுவே புதைந்து பயனற்றுப்போகும். மீதிக் கம்பியைக் கத்தரியால் வெட்டாதீர்கள். மேலும் கீழும் ஆட்டினால் தானே முறியும், கத்தரியின் நுனியும் பிழைக்கும்.

7. முதுகுச் சிறகுறைக்கு எட்டு இழைகள். பளபளப்பான பக்கம் கீழே இருக்குமாறு, உடல் முடியும் இடத்தில், வால் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டுங்கள். மடிக்கும்போது பளபளப்பு மேலே வரும். சிறகு வெளிவரும் நேரம் நெருங்கிய நிம்ஃபின் முதுகு கறுத்திருக்கும், அதற்கு ஈடானது இந்தப் பகுதி.

8. மார்புக்கு மயில் தோகை இழை இரண்டு. அவற்றை நூலோடு சேர்த்து முறுக்கிக்கொண்டு மூன்று அல்லது நான்கு சுற்று சுற்றுங்கள். தனியாகச் சுற்றிய தோகை இழை ஒரு மீனிலேயே அறுந்துவிடும். தொடக்கத்தில் விட்ட வெறுமையான இடத்துக்கு முன்பே நில்லுங்கள்.

9. சிறகுறை இழைகளை மார்பின் மேலாக முன்னே மடித்து, நான்கு இறுக்கமான சுற்றால் கட்டி, மிச்சத்தை ஒட்ட வெட்டுங்கள். கால் வைக்க வேண்டாம். நீந்தும் நிம்ஃப் கால்களை உடலோடு ஒட்டிவைத்துக்கொள்ளும் என்பதால் சாயரும் வைக்கவில்லை.

10. நூலை அதன்மேலேயே சுற்றி முடிக்கும் விப் ஃபினிஷ் முடிச்சில் நான்கைந்து சுற்று போட்டு இழுத்து, நூலை வெட்டுங்கள். அது கைவரும்வரை, ஒற்றைச் சுருக்கை ஒன்றன்பின் ஒன்றாக நான்கு முறை போட்டாலும் தாங்கும். ஊசி முனையில் வார்னிஷ் தொட்டு முடிச்சில் வையுங்கள். காது அடைத்துக்கொண்டால் காயுமுன் ஒரு இறகிழையை நுழைத்து இழுங்கள். ஆற்றங்கரையில் குளிர்ந்த விரல்களோடு காதைக் குத்திக்கொண்டு நிற்பது எரிச்சலான வேலை.

எங்கே கெட்டுப்போகிறது

ஏறக்குறைய எல்லோருடைய முதல் ஃப்ளையிலும் காதுக்குப் பின்னால் இடம் போதாமல் போகும். கடைசிச் சுற்றுகள் காதின் மேல் ஏறி, நரம்பு நுழைய வழி இராது. கடைசியில் கவனமாக இருப்பதால் இது சரியாகாது. இரண்டாம் படியில் நூலைத் தொடங்கிய இடமே தவறு.

நூல் திடீரென்று அறுகிறதா? இழுப்பைக் குறை சொல்லுமுன் முள்முனையைப் பாருங்கள். வால் பக்கம் சுற்றும்போது நூல் அதில் உரசி நார்நாராகப் பிரிந்திருக்கும். முடித்த ஃப்ளையை நகத்தால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். உடல் முள்ளைச் சுற்றிச் சுழன்றால் நூல் படுக்கை தளர்வு. பழைய பிளேடால் அறுத்தெறிந்துவிட்டு அந்த முள்ளிலேயே மீண்டும் கட்டலாம்.

ஒரே ஃப்ளையை, ஒரே அளவில், ஒரு டஜன் கட்டுங்கள். ஒவ்வொன்றும் வேறு வகையாகக் கட்டினால் கை எதையும் கற்காது. முதலாவதையும் பன்னிரண்டாவதையும் பக்கத்தில் வைத்தால், பெரும்பாலும் முதலாவது இரண்டு மடங்கு பருமனாக இருக்கும்.

ஆற்றில்

9 அடித் தடி, 5ஆம் எண் மிதக்கும் லைன் (வீசுவதற்கான தடித்த கயிறு), அதன் நுனியில் 9 அடி நீள 4எக்ஸ் லீடர் (நுனியை நோக்கி மெலிந்துவரும் நரம்பு). லீடரின் நுனியில் 18 அங்குல 5எக்ஸ் டிப்பெட்டை, அதாவது ஃப்ளையைக் கட்டும் இன்னும் மெல்லிய நரம்பை, சேருங்கள் (எக்ஸ் எண் கூடக்கூட நரம்பு மெல்லியது): இரண்டு நரம்புகளையும் ஒருசேரப் பிடித்து வளையம் போட்டு, முனைகளை அதற்குள் இருமுறை நுழைத்து, எச்சிலால் நனைத்து இறுக்குங்கள். நனைக்காமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு வலுவிழக்கும். ஃப்ளையைக் கட்ட, நரம்பைக் காதுக்குள் விட்டுத் தன்மீதே ஐந்து முறை முறுக்கி, காதை ஒட்டிய சிறு கண்ணிக்குள் நுழைத்து இழுங்கள்.

எடைக்குண்டைச் சேர்ப்பு முடிச்சுக்கு மேலே பொருத்தினால் முடிச்சே அதைக் கீழே நழுவாமல் நிறுத்தும். ஈயம் தடைசெய்யப்பட்ட நீர்நிலைகள் உண்டு. அங்கே ஈயமில்லாத குண்டுதான். லீடரில் ஒரு சிறு தக்கை. தக்கைக்கும் ஃப்ளைக்கும் உள்ள தூரம், தொடக்கத்தில், நீரின் ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு.

ஓடும் நீரில் டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். எனவே நீர் ஓடிப்போகும் கீழ்ப்புறத்திலிருந்து, அதன் பின்னாலிருந்து அணுகுங்கள். வேகமான நீரும் மெதுவான நீரும் உரசும் கோடு, பாறையின் முன்னும் பின்னும், ஆழமான மடுவின் தொடக்கம் ஆகியவை முதலில் வீச வேண்டிய இடங்கள். அங்கே அது அசையாமல் நின்றபடி, வேகமான நீர் கொண்டுவருவதை எட்டி எடுக்கலாம்.

தக்கையும் குண்டும் இருக்கும்போது லைனைக் காற்றில் முன்னும் பின்னும் வீசினால் சிக்கல்தான் மிஞ்சும். லைன் கீழ்ப்புறம் ஓடி இறுகும்வரை விட்டு, அந்த இழுப்பையே பயன்படுத்தி ஒரே வீச்சில் மேல்நோக்கி எறியுங்கள். கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் வீசவே கூடாது.

இனிதான் முக்கியமான வேலை. நிஜப் பூச்சி நீரோடு மிதந்து வரும். உங்கள் ஃப்ளையை லைன் இழுத்தால், கட்டியது எவ்வளவு அழகாக இருந்தாலும் மீன் தொடாது. இடையில் உள்ள நீர் வேகமாக ஓடினால் லைன் கீழ்ப்புறமாக வில்போல வளையும். வளையத் தொடங்கியதுமே தடியைத் தூக்கி அந்த வளைவை மேல்புறம் புரட்டிப் போடுங்கள். சரியாக மிதக்கிறதா என்று அறிய, தக்கைக்குப் பக்கத்தில் வரும் நுரைக் குமிழ்களைப் பாருங்கள். அடிநீர் மேல்நீரைவிட மெதுவாக ஓடும். ஆகவே ஃப்ளை அடியில் இருந்தால் தக்கை குமிழ்களுக்குச் சற்றுப் பிந்தும். தக்கை முந்தினால் லைன் இழுக்கிறது.

தக்கை நின்றாலும், அமிழ்ந்தாலும், பக்கவாட்டில் நகர்ந்தாலும் உடனே தடியை உயர்த்துங்கள். கல்லாகத்தான் இருக்கும் என்று யோசிக்கும் நேரத்தில் மீன் துப்பிவிடும். ஓட்டத்தின் முடிவில் உடனே லைனைத் தூக்காமல், அது இறுகி ஃப்ளையை மேலே எழுப்பும்வரை சில நொடிகள் பொறுங்கள். சிறகு விரிக்க மேலே நீந்தும் நிம்ஃபைப் போலத் தோன்றும் அந்தக் கணத்தில் கடி விழுவது சகஜம்.

கடியே இல்லையென்றால் ஃப்ளையை மாற்றத்தான் கை போகும். அதற்கு முன் ஆழத்தை மாற்றுங்கள், பிறகு எடையை. பல ஓட்டங்களில் ஒருமுறைகூட ஃப்ளை அடியைத் தொடவில்லையென்றால் அது மீனின் தலைக்கு மேலே போகிறது. ஒவ்வொரு முறையும் சிக்கினால் எடை அதிகம். இரண்டும் சரியானபின்தான் 14ஐ அவிழ்த்து 16ஐக் கட்டலாம்.

மீனைத் தொடுமுன் கையை நனையுங்கள். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பைத் துடைத்துவிடும். எதிர்முள் நசுங்கிய முள், தண்ணீருக்குள்ளேயே ஒரு திருப்பில் கழன்றுவரும். நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், பிடித்து விடப்படும் டிரவுட் பிழைப்பது கடினம். அன்று தடியை மடக்கிவிடுங்கள். வீடு திரும்பியதும் பெட்டியைத் திறந்துவைத்து ஃப்ளைகளை உலர்த்துங்கள். ஒரு ஈரமான முள் பெட்டியில் உள்ள மற்ற முட்களிலும் துருவேற்றிவிடும்.