ஊசா ஏன் செத்தான்? கடுந்தண்டனைப் பகுதிகளை வாசிக்கும் முறை

எபிரெய வேதத்தை, அதாவது கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று சொல்லும் நூல்களை, வரிசையாக வாசிக்கத் தொடங்கும் பலர் எண்ணாகமத்தில் ஓரிடத்தில் தடுமாறி நின்றுவிடுகிறார்கள். ஓய்வுநாளில் விறகு பொறுக்கிய ஒருவனைக் கடவுள் சொன்னபடி சபையார் பாளயத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்து கொல்கிறார்கள் (15:32-36). நீதியுள்ள கடவுள் இப்படிச் சொல்வாரா என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். "கேள்வி கேட்காமல் விசுவாசி" என்பது ஒன்று. "அது பழைய ஏற்பாட்டுக் கடவுள், பிறகு அன்பின் கடவுள் வந்துவிட்டார்" என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது பதிலை 2ஆம் நூற்றாண்டிலேயே மார்சியோன் என்ற போதகர் சொல்லிவிட்டார். ரோமாபுரிச் சபை 144இல் அவரை விலக்கியது. இரண்டு பதில்களுமே வசனத்தைப் படிக்க விடாமல் நம்மை அந்த இடத்தைத் தாண்டவைக்கின்றன.

கேட்பதற்குத் தயங்க வேண்டாம். சோதோமுக்காக ஆபிரகாம் 50 பேரில் தொடங்கி 10 பேர் வரை கடவுளிடமே பேரம் பேசுகிறான்: "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" (ஆதியாகமம் 18:25). யோபு புத்தகத்தின் முடிவில் கண்டிக்கப்படுவது கடவுளுக்கு வக்காலத்து வாங்கிய நண்பர்கள். 7 காளைகளையும் 7 ஆட்டுக்கடாக்களையும் பலியிடும்படி அவர்களுக்குத்தான் கட்டளை வருகிறது (42:7-8).

வாசிக்க உட்காரும்போது இரண்டு மொழிபெயர்ப்புகள் அருகில் இருக்கட்டும்: சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பும், 1995இல் வந்த திருவிவிலியமும். ஒரு நோட்டில் ஐந்து பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். தண்டிப்பது யார், வசனமே சொல்லும் காரணம் என்ன, அந்தப் பகுதிக்குள் யாராவது கலங்குகிறார்களா அல்லது எதிர்க்கிறார்களா, வேதத்தில் வேறெங்காவது இதற்குக் குறுக்கே நிற்கும் வசனம் உண்டா, மீதி என்ன. கடைசிப் பத்திதான் முக்கியம். வகுத்தல் கணக்கில் மீதி வருவதுபோல, எல்லா விளக்கமும் முடிந்த பிறகும் தீராமல் நிற்பதை அங்கே எழுத வேண்டும். அதை எழுதாமல் விட்டால் மற்ற நான்கு பத்திகளிலும் நாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொல்லத் தொடங்கிவிடுவோம். ஒரு பகுதிக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். அதில் பாதி நேரம் முந்தின அதிகாரத்துக்கும் பிந்தின அதிகாரத்துக்கும் போக வேண்டும்.

முதல் பத்தியை அவசரமாக நிரப்பிவிடாதீர்கள். ஊர் மூப்பர் விசாரித்து நிறைவேற்றும் சட்டம் வேறு, கடவுள் நேரடியாக அடித்ததாகச் சொல்லும் கதை வேறு, போரில் நடந்தது வேறு, தீர்க்கதரிசியின் சாபம் வேறு. ஒன்றுக்கான விளக்கம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. "தன் ஜனத்தாரில் இராதபடிக்கு அறுப்புண்டுபோவான்" என்ற தொடரைப் பார்த்ததும் மரணதண்டனை என்று எழுதிவிடுவது சகஜமாக நடக்கும் தவறு. எபிரெயத்தில் இதற்கு காரேத் என்று பெயர். யூத மரபு இதை மனிதர் நிறைவேற்றும் தண்டனையாக அல்லாமல் கடவுளின் கையில் விடப்பட்டதாகவே எடுத்துக்கொண்டது.

சட்டமாக இருந்தால் மூன்றைச் சரிபாருங்கள். முதலாவது சாட்சி. ஒருவனைக் கொல்ல இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் வேண்டும். முதல் கல்லை அவர்களே எறிய வேண்டும் (உபாகமம் 17:6-7). பொய்சாட்சி என்று தெரிந்தால், குற்றம்சாட்டப்பட்டவனுக்கு வரவிருந்த தண்டனை சாட்சிக்கே வரும் (19:16-21). இரண்டாவது ஈடு. கொலைகாரனின் உயிருக்கு மீட்கும்பொருள் வாங்கக் கூடாது என்று எண்ணாகமம் 35:31 தனியாகத் தடை போடுகிறது. அப்படியானால் வேறு குற்றங்களில் ஈடு வாங்கும் வழக்கம் இருந்திருக்கலாம் என்று பல அறிஞர்கள் வாதிடுகிறார்கள். மூன்றாவது ஒப்பீடு. 1901இல் சூசாவில் தோண்டியெடுத்து இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும், பாபிலோன் அரசன் அமுராபியின் சட்டங்கள் பொறித்த கல்தூண், ஏறக்குறைய கி.மு. 1750ஐச் சேர்ந்தது. கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரரின் மகன் செத்தால் கொத்தனாரின் மகனைக் கொல் என்கிறது அதன் 230ஆம் விதி. பிள்ளைகளுக்காகப் பிதாக்களும், பிதாக்களுக்காகப் பிள்ளைகளும் கொல்லப்படக் கூடாது என்கிறது உபாகமம் 24:16.

ஒப்பிடும்போது நேர்மை வேண்டும். தகப்பனை அடித்த மகனின் கையை வெட்டச் சொல்கிறது அமுராபியின் 195ஆம் விதி. யாத்திராகமம் 21:15 அவனைக் கொல்லச் சொல்கிறது. "மோசேயின் சட்டம் எப்போதுமே மென்மையானது" என்று பேசினால், கூட்டத்தில் இதை வாசித்திருக்கும் ஒருவர் எழுந்து நிற்பார். அவர் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

அடங்காத மகனைப் பற்றிய விதியை (உபாகமம் 21:18-21) எடுத்துக்கொள்ளுங்கள். மேலோட்டமாக வாசித்தால் பதறவைக்கும். மெதுவாக வாசித்தால் ஒரு நடைமுறை தெரியும்: தகப்பனும் தாயும் சேர்ந்து வர வேண்டும், முன்பே தண்டித்துப் பார்த்திருக்க வேண்டும், ஊர்வாசலில் மூப்பர் முன்னால் சொல்ல வேண்டும். தகப்பன் தன் கோபத்தில் வீட்டுக்குள்ளேயே முடித்துவிட முடியாது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட, ரபிகள் என்னும் யூத வேத ஆசிரியர்களின் சட்டத்தொகுப்பான மிஷ்னாவின் சன்ஹெத்ரின் பகுதி, 8ஆம் அதிகாரத்தில், இதன்மேல் நிபந்தனைகளை அடுக்குகிறது. அவன் குறிப்பிட்ட எடை இறைச்சியைத் தின்று, அரை லோகு (பழைய முகத்தல் அளவு) திராட்சரசத்தைக் குடித்திருக்க வேண்டும். தகப்பனிடம் திருடியதை வெளியிடத்தில் வைத்துத் தின்றிருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் முடவராகவோ ஊமையாகவோ குருடராகவோ செவிடராகவோ இருந்தால் வழக்கே நிற்காது. மிஷ்னாவை விவாதிக்கும் பாபிலோனிய தல்மூத் (சன்ஹெத்ரின் 71அ) இன்னும் ஒரு படி போகிறது: அப்படி ஒரு மகன் இருந்ததும் இல்லை, இருக்கப்போவதும் இல்லை, ஆராய்ந்து பலன் பெறவே இது எழுதப்பட்டது. அதே பக்கத்தில் ரபி யோனத்தான் மறுக்கிறார்: நான் அப்படிப்பட்டவனைப் பார்த்தேன், அவன் கல்லறையின்மேல் உட்கார்ந்தேன் என்கிறார். அந்த மறுப்பையும் சேர்த்து வாசியுங்கள். ரபிகள் வசனத்தைக் கிழித்து எறியவில்லை. அது ஒரு பிள்ளையின்மேலும் விழாதபடி சுற்றிலும் வேலி கட்டினார்கள்.

விறகு பொறுக்கியவன் கதைக்கும் முந்தின வசனங்கள் வேண்டும். எண்ணாகமம் 15:22-31 அறியாமல் செய்த பாவத்தையும் துணிகரமாய்ச் செய்த பாவத்தையும் பிரிக்கிறது. "துணிகரமாய்" என்பதன் எபிரெயம் "உயர்த்திய கையோடு". பகிரங்கமான எதிர்ப்புக்கு உதாரணமாகவே கதை அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பலர் வாசிக்கிறார்கள். ஆனாலும் அவன் மனதில் என்ன இருந்தது என்று கதை சொல்லவில்லை. அது மீதிப் பத்திக்குப் போக வேண்டும்.

இனி ஊசா. 2 சாமுவேல் 6இல் உடன்படிக்கைப் பெட்டி ஒரு புது வண்டியில் வருகிறது. மாடுகள் மிரள்கின்றன. ஊசா கையை நீட்டிப் பிடிக்கிறான், அங்கேயே செத்து விழுகிறான். நல்லது செய்யப் போனவனுக்கு இந்த முடிவா?

முதலில் வண்டியைப் பாருங்கள். பெட்டியின் வளையங்களில் கிடக்கும் தண்டுகளைக் கழற்றவே கூடாது (யாத்திராகமம் 25:15). லேவியரில் ஒரு பிரிவான கோகாத்தியர் அதைத் தோளில் சுமக்க வேண்டும், தொட்டால் சாவார்கள் (எண்ணாகமம் 4:15). மற்ற லேவியருக்கு வண்டிகள் கொடுத்த மோசே இவர்களுக்குக் கொடுக்கவில்லை (7:9). புது வண்டியில் பெட்டியை ஏற்றும் யோசனை 1 சாமுவேல் 6இல் பெலிஸ்தியருடையது. ஆக, தவறு அந்தக் கை நீள்வதற்கு முன்பே, ஊர்வலத்தை ஏற்பாடு செய்தவர்களிடம் தொடங்கியிருக்கிறது. 1 நாளாகமம் 15:13இல் தாவீதே அதை ஒத்துக்கொள்கிறான். அடுத்த முறை லேவியர் தோளில் சுமக்கிறார்கள்.

பிறகு எண்ணைப் பாருங்கள். பெட்டியைப் போர்க்கருவியாகத் தூக்கிக்கொண்டு போன நாளில் இஸ்ரவேலில் விழுந்தவர்கள் 30,000 பேர் (1 சாமுவேல் 4:10). தாவீது ஊர்வலத்துக்குக் கூட்டியதும் 30,000 பேர். அதற்கு முந்தின 2 சாமுவேல் 5இல் கடவுள் பெலிஸ்தியரைத் தண்ணீர் உடைத்தோடுவதுபோல் உடைத்ததால் அந்த இடத்துக்குப் பாகால்பிராசீம் என்று பெயர். ஊசா விழுந்த இடத்துக்குப் பேரேஸ்ஊசா. இரண்டு பெயர்களிலும் இருப்பது உடைப்பைக் குறிக்கும் ஒரே வேர்ச்சொல். எதிரியின்மேல் பாய்ந்தபோது கொண்டாடியவர்கள்மேல் அதே உடைப்பு பாய்கிறது. அரசனின் அரசியல் ஊர்வலத்துக்கு அந்தப் பெட்டி அடங்காது என்பதைக் கதை இப்படித்தான் சொல்கிறது.

அடுத்து, காரணம். பழைய மொழிபெயர்ப்பு "அவனுடைய துணிவினிமித்தம்" என்கிறது. அங்கே இருக்கும் எபிரெயச் சொல் வேதத்தில் வேறெங்கும் வருவதில்லை, அதன் பொருள் உறுதியில்லை. 1 நாளாகமம் 13:10 அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, பெட்டியண்டைக்குக் கையை நீட்டினதினிமித்தம் என்று மட்டும் சொல்கிறது. ஊசா திமிர்பிடித்தவன் என்று பிரசங்கிப்பவர்கள் பொருள் தெரியாத ஒரு சொல்லின்மேல் ஒரு மனிதனின் குணத்தையே கட்டுகிறார்கள்.

மூன்றாம் பத்திக்கு 8ஆம் வசனம். தாவீது "விசனப்பட்டான்" என்று தமிழில் வாசிக்கிறோம். எபிரெயத்தில் 7ஆம் வசனம் கடவுளின் கோபத்துக்குப் பயன்படுத்தும் அதே வினைதான் 8இல் தாவீதுக்கும் வருகிறது: கோபம் மூண்டது. கடவுள் ஊசாமேல் கோபப்படுகிறார், தாவீது கடவுள் செய்ததைக் கண்டு கோபப்படுகிறான். அந்தக் கோபத்துக்காக அவனை யாரும் தண்டிக்கவில்லை. ஊர்வலம் நிற்கிறது, பெட்டி 3 மாதம் ஓபேத்ஏதோமின் வீட்டில் இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் மீதிப் பத்தியில் ஒன்று நிற்கும்: வண்டியை ஏற்பாடு செய்தவன் அரசன், செத்தவன் வண்டி நடத்தியவன்.

போர்ப் பகுதிகளில்தான் மீதி பெரிதாக இருக்கும். முற்றிலும் அழித்துக் கடவுளுக்கென்று ஒப்புக்கொடுப்பதை எபிரெயம் ஹேரெம் என்கிறது. 1868இல் தீபானில் கிடைத்த மேசாவின் கல்வெட்டில் அந்த மோவாப் அரசன் இதே சொல்லை வைத்து, நேபோ ஊரில் 7,000 பேரைத் தன் தெய்வத்துக்கென்று கொன்றதாகப் பெருமை பேசுகிறான். அது அந்தக் காலத்துப் போர்மொழி. அதில் மிகைப்படுத்தல் சாதாரணம்: 1 சாமுவேல் 15இல் அமலேக்கியர் அழிகிறார்கள், 30ஆம் அதிகாரத்தில் அவர்களே வந்து சிக்லாகை எரிக்கிறார்கள். இந்த விளக்கம் எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கைக் குறைக்கும். "குழந்தைகளையும் கொல்" என்ற கட்டளையை (15:3) அது குறைக்காது. இவ்விடத்தில் மழுப்பாதீர்கள். "அந்தக் குழந்தைகள் வளர்ந்தால் கெட்டவர்களாகியிருப்பார்கள்" என்ற வாதத்தை யார் சொன்னாலும் நிறுத்துங்கள். வசனத்தில் அது இல்லை. இன்றைக்கும் ஒரு இனத்தின் பிள்ளைகளைக் கொல்ல அதுவே சாக்காகும்.

தீர்க்கதரிசி எலிசாவைக் கேலிசெய்த பிள்ளைகளை அவர் சபித்ததும் கரடிகள் வந்து கிழித்த கதையைப் (2 இராஜாக்கள் 2:23-24) பற்றி ஒரு எச்சரிக்கை போதும். அவர்கள் முரட்டு வாலிபர்கள் என்று சிலர் தப்பிக்கப் பார்ப்பார்கள். மூலத்தில் "சிறிய" என்ற அடைமொழி இருக்கிறது. அந்தக் கரடிகளை ஏவியதற்காக எலிசாவே நோயால் தண்டிக்கப்பட்டார் என்று தல்மூத் (சோத்தா 47அ) சொல்வதைக் குழுவில் வாசித்துக் காட்டுங்கள்.

குழுவாக வாசிப்பதாக இருந்தால் அடுத்த வாரப் பகுதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குறிப்பாக 2 சாமுவேல் 12. தாவீதின் பாவத்துக்காக அவன் குழந்தை ஏழாம் நாளில் சாகிறது. உபாகமம் 24:16க்கும் "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை" என்ற எசேக்கியேல் 18:20க்கும் அது நேர் குறுக்கே நிற்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்த அறையில் இருக்கலாம். வராமல் இருந்துகொள்ள அவருக்கு ஒரு வாரம் அவகாசம் வேண்டும். வந்து உட்கார்ந்தால், ஐந்தாம் பத்தியை அவரே முதலில் நிரப்பட்டும்.