அலுமாரிக் கதவு தானாகத் திறக்கிறதா? முதலில் தரையைப் பாருங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அம்மாவின் தேக்கு அலுமாரி ஒரு தொல்லை தந்தது. பூட்டாவிட்டால் வலப்பக்கக் கதவு தானாகத் திறந்துவிடும். மரவேலை பாஸ் ஒருவர் வந்து பார்த்து, கதவு இடிக்கிறது என்று மேல்விளிம்பைச் சீவிவிட்டுப் போனார். பிறகு ஒருநாள் அலுமாரியை மட்டப்படுத்தினோம். கதவு நேராக நின்றது, ஆனால் சீவிய இடத்தில் இடைவெளி விழுந்திருந்தது. கதவில் பிழையே இருக்கவில்லை, தரைதான் சரிவு. சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே மரத்தில் கை வைப்பதற்கு முன் மட்டம் பாருங்கள்.

ஒரு சிறிய ஸ்பிரிட் லெவல் (குமிழ் வைத்து மட்டம் காட்டும் கருவி), காலுக்கு அடியில் அடை வைக்க ஃபோர்மிக்கா என்ற கெட்டியான மெல்லிய தகட்டின் வெட்டுத்துண்டுகள் கொஞ்சம், துணைக்கு ஒரு ஆள். இவ்வளவும் போதும். லெவலைக் கொழும்பு பழைய சோனகத் தெருவின் ஹார்ட்வெயார் கடைகளில் வாங்கலாம். ஃபோனில் உள்ள லெவல் அப்பில் மட்டம் பார்ப்பதானால் கவரைக் கழற்றுங்கள், பின்பக்கக் கமரா மேடும் கணக்கைக் கெடுக்கும்.

முதலில் அலுமாரியைக் காலியாக்குங்கள். அடுத்து, குறை காலிலா தரையிலா என்று தெரிய வேண்டும். பொருளை வேறொரு இடத்துக்கு நகர்த்துங்கள். எங்கே வைத்தாலும் அதே கால் அந்தரத்தில் நின்றால் கால்தான் குட்டை. இடத்துக்கு இடம் வேறு வேறு கால் தூக்கினால் தரைதான் காரணம். பல்கனி, குளியலறைப் பக்கத் தரைகள் தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகவே போடப்பட்டவை, அவற்றில் குறை சொல்ல முடியாது.

நாலு கால் மேசை ஆடினால் அடை தேட வேண்டியதில்லை. கால்கள் சம நீளமாக இருந்தால், மேசையை இருந்த இடத்திலேயே மெல்லச் சுழற்றுங்கள். சதுர மேசையானால் கால்வாசிச் சுற்றுக்குள் எங்கேயோ ஓரிடத்தில் ஆட்டம் நின்றுவிடும். பழைய சிவப்புச் சீமெந்துத் தரையில் இது அழகாக வேலை செய்யும். டைல் விளிம்புகள் மேடுபள்ளமாக நிற்கும் தரையில் செய்யாது.

அலுமாரிக்கு வருவோம். லெவலை அடித்தட்டில் இடம் வலமாக வையுங்கள், அப்புறம் முன் பின்னாக. குமிழ் போகும் பக்கம்தான் உயரம். லெவலைத் தலைமாற்றி வைத்தும் குமிழ் அதே பக்கம் போக வேண்டும், இல்லாவிட்டால் லெவலிலேயே பிழை. ஆக உயர்ந்த மூலையைத் தொடாமல் விட்டு, மற்ற மூலைகளை அதற்கு ஏற்றுங்கள்.

ஒரு பலகையின் நுனியைக் கீழே கொடுத்து நெம்ப ஒருவர், துண்டைச் செருக மற்றவர். விரலை அடியில் விடாதீர்கள், துண்டைக் குச்சியால் தள்ளுங்கள். ஒவ்வொன்றாகச் செருகி ஒவ்வொரு தடவையும் குமிழைப் பாருங்கள். முன் பின்னாக 45 சென்ரிமீற்றர் ஆழமும் 180 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள அலுமாரி அடியில் 3 மில்லிமீற்றர் முன்னால் தாழ்ந்தால், உச்சி 12 மில்லிமீற்றர் முன்னால் சாயும். கதவு தானாகத் திறப்பது அதனால்தான். மெல்லிய துண்டு ஒன்றே பெரிய வித்தியாசம் செய்யும்.

அட்டையை மடித்து வைக்காதீர்கள். பாரத்தில் நசுங்கும், தரை துடைக்கும் தண்ணீரைக் குடித்து ஊறும். சிப்போர்ட் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) அலுமாரியானால் அந்த ஈரம் பலகைக்கும் ஏறி அடி உப்பிவிடும். துண்டு காலின் முழு அகலத்தையும் தாங்க வேண்டும், ஓரத்தை மட்டும் தாங்கினால் அந்த இடம் நொறுங்கும். திருகும் கால் உள்ளதென்றால் வேலை இன்னும் சுலபம்: சாதாரண 8 மில்லிமீற்றர் போல்ட் ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீற்றர் ஏறும்.

ஃப்ரிட்ஜுக்கு மட்டும் முன்பக்கம் சற்றே உயர்ந்திருக்கட்டும், கதவு தானாக மூடிக்கொள்ளும். வோஷிங் மெஷின் சரி மட்டமாக நிற்க வேண்டும், இல்லையேல் துணி பிழியும்போது நகரும்.

உயரமான அலுமாரியின் உச்சியை எல் வடிவத் தகடு ஒன்றால் சுவரோடு பிணையுங்கள். வீட்டில் சின்னப்பிள்ளைகள் இருந்தால் இதைத் தள்ளிப்போடவே வேண்டாம். வாடகை வீடென்றால் சுவரில் துளைபோட வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

உடுப்புகளை அடுக்கி ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள், பாரம் ஏறியதும் துண்டுகள் கொஞ்சம் இறங்கும். கதவைப் பாதி திறந்து கையை எடுங்கள். அம்மாவின் அலுமாரிக்கு முன் கால்களின் கீழ் மூன்று துண்டுகள் போயின. இப்போது கதவு, விட்ட இடத்திலேயே நிற்கிறது.