கண் தெரியாத, வலிப்புள்ள வயதான நாயை வீட்டில் விட்டுப் பயணம் போவது எப்படி?

எங்கள் றோசிக்கு 14 வயது. இரண்டு கண்ணிலும் வெண்படலம் விழுந்து பார்வை போய் மூன்று வருடம். பின்னங்கால்கள் சோர்ந்துவிட்டன, தூக்கிவிட்டால் நடப்பாள், தானாக எழும்பமாட்டாள். வலிப்பும் உண்டு. அதற்குப் பீனோபார்பிட்டோன் குளிசை, 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. இப்படி ஒரு பிள்ளையை யாழ்ப்பாணம் கோண்டாவிலில் உள்ள எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, போன ஆவணியில் என் சொந்த அக்காவின் மகளின் கல்யாணத்துக்கு 9 நாள் சென்னைக்குப் போய் வந்தோம். றோசி சுகமாக இருந்தாள்.

அதற்கு முந்தின தடவை அப்படி இருக்கவில்லை. விசா அலுவலாக இரண்டு நாள் கொழும்பில் நின்றபோது அவளுக்கு அடுத்தடுத்து இரண்டு தரம் வலிப்பு வந்தது. ஏன் வந்தது என்பதைக் கீழே நாலாவது படியில் விரிவாக எழுதுகிறேன். அந்த ஒரு படிக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதத் தொடங்கினேன்.

1. எங்கே விடுவது

வீட்டிலேயே. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. கண் தெரியாத நாய்க்கு வீடுதான் கண். விறாந்தைத் தூணிலிருந்து தண்ணீர்ச் சட்டிக்கு எத்தனை அடி, குசினிப் படி எங்கே இறங்குகிறது என்பதெல்லாம் றோசிக்கு மூக்கிலும் காலிலும் இருக்கிறது. நாய்களை விட்டுப் போகும் இடங்கள் கொழும்பில் உண்டு. ஆனால் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் வாகனத்தில் கொண்டுபோய், முன்பின் தெரியாத கூட்டுக்குள் விட்டால் அவளுக்கு உலகமே இல்லாமல் போய்விடும். நாயை ஆளிடம் கொண்டுபோகாமல் ஆளை நாயிடம் வரவழையுங்கள்.

2. யாரிடம் விடுவது

நாய் என்றால் உயிர் என்பவரைவிட, நாய் விறைத்து இழுக்கும்போது பதறாமல் மணிக்கூட்டைப் பார்க்கக்கூடியவரைத் தேடுங்கள். எங்களுக்குப் பின் ஒழுங்கை அக்காவும் அவரின் மகனும் கிடைத்தார்கள். அக்கா பகலில் மூன்று தரம் வருவார். மகனை நாங்கள் தம்பி என்றுதான் கூப்பிடுவோம்; அவன் ஏ.எல். (உயர்தரம்) படிக்கிறான், இரவில் எங்கள் விறாந்தையில் படிப்பான், அங்கேயே படுப்பான். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் இருப்பார். ஒரே ஆளை நம்பிப் போகாதீர்கள்.

காசு கொடுங்கள். அயலவர்தானே, கேட்கமாட்டார்கள் என்று விடக் கூடாது. மேசனுக்குக் கை உதவிக்கு நிற்பவரின் நாட்கூலியைக் கணக்குப் பார்த்து, 9 நாளுக்கும் போக முதலே கொடுத்தேன். அக்கா வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் காசு வாங்கியபின் "அது எப்படி, இது எப்படி" என்று அவர் கேட்ட கேள்விகள் கூடின. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

3. மருந்தைச் சேர்த்து வைப்பது

9 நாள் பயணத்துக்கு 20 நாள் மருந்து வாங்கி வையுங்கள். விமானம் பிந்தலாம், குளிசை நிலத்தில் விழலாம். பீனோபார்பிட்டோனைத் திடீரென்று நிறுத்தினால், நிறுத்தியதாலேயே கடுமையான வலிப்பு வரலாம். வைத்தியரின் மருந்துத் துண்டு இல்லாமல் பார்மசியில் எடுக்கவும் முடியாது. ஆகவே துண்டின் பிரதி ஒன்றையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

காலை, இரவு என்று பிரித்த குளிசைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். அரைக் குளிசை கொடுப்பதென்றால் நீங்களே வெட்டிப் போட்டுவிடுங்கள். பெட்டியைக் குசினி யன்னலில் வைக்க வேண்டாம், எங்கள் வெக்கைக்கு மருந்து பழுதாகும்.

எழுதி வைக்கப் போனில் எத்தனையோ செயலிகள் இருக்கின்றன. நான் நம்புவது சீஆர் கொப்பியை, தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி. நூலில் பேனையைக் கட்டி மேசையில் வைத்தேன். நாள், நேரம், குளிசை, சாப்பாடு, மூத்திரம், மலம் என்று கோடு போட்டு வைத்தேன். கரண்ட் போனாலும் கொப்பி வேலை செய்யும். வைத்தியரிடம் ஓடவேண்டி வந்தால் அப்படியே கையில் கொண்டு போகலாம்.

4. குளிசை வயிற்றுக்குள் போனதா?

கொழும்புக்குப் போனபோது பார்த்துக்கொண்டவர் சொந்தக்காரப் பெண் ஒருவர். நல்ல பொறுப்பானவர். புட்டுக்குள் குளிசையை வைத்துக் கொடுத்தார், றோசி சட்டியை நக்கித் துடைத்தாள், "குடுத்தாச்சு" என்று செய்தி வந்தது. அதை நம்பி நானும் நித்திரையானேன். அடுத்த நாள் பின்னேரம் முதல் வலிப்பு, இரவில் இரண்டாவது. வீட்டுக்கு வந்து பாயை உதறினேன். மூன்று குளிசைகள் மயிரும் மண்ணும் ஒட்டிக் கிடந்தன. சாப்பாட்டை விழுங்கிவிட்டுக் குளிசையை மட்டும் கன்னத்தில் ஒதுக்கி, படுக்கைக்குப் போய்த் துப்பியிருக்கிறாள்.

அவரில் பிழை இல்லை. நான் தினமும் என்ன செய்கிறேன் என்பது எனக்கே தெரியாமல் இருந்தது. என் கை குளிசையைக் கொடுத்ததும் தானாகவே அவளின் தாடைக்குக் கீழே போய்த் தொண்டையைத் தடவும். அவள் மூக்கை நக்கினபிறகுதான் எழும்புவேன். இதை ஒருவருக்கும் சொல்லவில்லை, ஏனென்றால் இப்படி ஒன்று செய்கிறேன் என்று நான் நினைத்ததே இல்லை.

இப்போது எங்கள் முறை இது. ஒரு இடியப்பத்தை முள் எடுத்த அவித்த மீனோடு பிசைந்து, நெல்லிக்காயிலும் சிறிதாக மூன்று உருண்டைகள் பிடிக்க வேண்டும். குளிசை நடு உருண்டையில். முதல் உருண்டையை உள்ளங்கையில் வைத்து மணக்கவிடுங்கள், தின்பாள். இரண்டாவதைக் கொடுத்த கையோடு மூன்றாவதை மூக்குக்கு நேரே பிடியுங்கள். அடுத்தது வருகிறது என்ற அவசரத்தில் இரண்டாவதைச் சவைக்காமல் விழுங்குவாள். பிறகு பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தொண்டையை மேலிருந்து கீழே மெதுவாகத் தடவுங்கள். நாக்கு வெளியே வந்து மூக்கைத் தொடும். அதுதான் விழுங்கியதற்கு அடையாளம். கடைசியாகக் கன்னத்தின் உட்பக்கம் ஒரு விரலை ஓடவிட்டுப் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகுதான் கொப்பியில் எழுதலாம்.

மீன் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு வாழைப்பழம் நல்லது. கறியில் போட்ட எதுவும் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் (பூண்டு) நாயின் இரத்தத்துக்குக் கேடு.

ஒரு நேரக் குளிசை தவறிவிட்டால் அடுத்த தரம் இரண்டாகக் கொடுக்கக் கூடாது. வைத்தியரிடம் கேட்க வேண்டும். இதைச் சிவப்புப் பேனையால் கொப்பியின் மட்டையில் எழுதினேன்.

5. தூக்குவது, நடத்துவது

பின்காலைத் தாங்கக் கடையில் விற்கும் பட்டிகளை வாங்கிப் பார்த்தேன்; விளிம்பு கவட்டில் வெட்டுகிறது. நாலாக மடித்த பழைய பருத்திச் சேலையைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. தொடைக்குச் சற்று முன்னால், அடிவயிற்றின் கீழே கொடுத்து, இரண்டு முனையையும் முதுகுக்கு மேலே ஒரே கையில் பிடியுங்கள். கால் நிலத்தில் ஊன்றும் அளவுக்கு மட்டும் தூக்கினால் போதும். ஆண் நாயென்றால் குறியில் அழுத்தாமல் பார்க்க வேண்டும்.

தொடமுதல் பெயரைச் சொல்லுங்கள். கண் தெரியாத நாயைச் சத்தமில்லாமல் தொட்டால், அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும் கடிக்கலாம். கதிரை, சப்பாத்து, வாளி எதையும் இடம் மாற்றக் கூடாது. வீடு கூட்டும்போது தள்ளிவைத்த கதிரையில்தான் எங்கள் ஆள் ஒருமுறை நெற்றியை அடித்துக்கொண்டாள்.

படுத்தே கிடந்தால் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாற்றுங்கள். இடுப்பெலும்பிலும் முழங்கையிலும் மயிர் கொட்டிச் சிவந்திருந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று அர்த்தம். அதில் இலையான் மொய்க்கவிட்டால் புழு வைத்துவிடும். அரை நாளுக்குமேல் மூத்திரம் போகாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

6. வலிப்பு வந்தால்

முதலில் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள பொருட்களைத் தள்ளி, தலைக்குக் கீழே துணி வைத்து, மின்விசிறியைப் போட வேண்டும். வாய்க்குள் கை, கரண்டி எதுவும் போகக் கூடாது. நாய் நாக்கை விழுங்காது. ஆனால் உங்கள் விரலைக் கடித்துவிடும். அக்கா ஒத்திகையில் "இரும்புத் திறப்பைக் காலில் பிடிக்கட்டோ?" என்று கேட்டார். ஊரில் எல்லாரும் செய்வது என்பதால் நான் கோபிக்கவில்லை. "திறப்பால் ஒன்றும் நடக்காது அக்கா, அந்த நேரத்துக்கு விசிறியைப் போடுங்கோ" என்றேன்.

5 நிமிடத்தைத் தாண்டினால், அல்லது 24 மணித்தியாலத்துக்குள் இரண்டாவது வந்தால், ஓட்டோவைக் கூப்பிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். நின்றபிறகும் ஒரு மணித்தியாலம்வரை தடுமாறுவாள், சுவரில் முட்டுவாள். அப்போது சாப்பாடு திணிக்க வேண்டாம்.

உடம்பு சுடுகிறதென்று பனடோல் (பரசிற்றமோல்) கொடுக்கவே கூடாது. புரூபன், டைக்குளோபினக் போன்றவையும் நாய்க்கு நஞ்சு. வீட்டிலுள்ள குளிசைகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன்.

7. மூன்று நாள் ஒத்திகை

முதல் நாள் நான் செய்தேன், அவர்கள் பார்த்தார்கள். இரண்டாம் நாள் அவர்கள் செய்ய, நான் கதிரையில் வாய் திறக்காமல் இருந்தேன். இந்த நாள்தான் முக்கியம். வாயைத் திறந்தால் அவர்கள் உங்களைப் பார்த்துச் செய்வார்கள், நாயைப் பார்க்கமாட்டார்கள். தம்பி சேலையைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்ததும் றோசி முனகியதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் படலையைச் சாத்திவிட்டு யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போய், இரவு ஒன்பது மணிக்குத்தான் வந்தேன்.

8. வைத்தியருக்குக் கடிதம்

உங்கள் மிருக வைத்தியரிடம் முதலே சொல்லிவிடுங்கள். நான் இல்லாதபோது இன்னார் கொண்டு வருவார், இவ்வளவு ரூபாய்வரை என்னைக் கேட்காமலே வைத்தியம் பார்க்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காசை ஒரு கடித உறையில் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். விசர்நாய்த் தடுப்பூசி அட்டையையும் அதோடு வைத்தேன். பயண நாட்களில் ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி விடுமுறை) எப்போது என்று கலண்டரில் வட்டம் போட்டு, அன்றைக்கு எந்த வைத்தியர் இருப்பார் என்று கேட்டு எழுதினேன்.

அப்புறம் சொல்லக் கடினமான விஷயம். 14 வயது. நாங்கள் இல்லாதபோது அவள் போய்விடலாம். தேறமாட்டாள், வேதனைப்படுகிறாள் என்று வைத்தியர் சொன்னால், எங்களுக்காக அவளை இழுத்துப்பிடிக்க வேண்டாம், ஊசி போட்டு வேதனையில்லாமல் போகவிடட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கல்யாண வீடென்று மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும் என்றும், இந்த வெக்கையில் எங்களுக்காகக் காத்திருக்காமல் கிணற்றடிக்குத் தூரமாக வேம்புக்குக் கீழே ஆழமாக வெட்டித் தாட்டுவிட வேண்டும் என்றும் சொன்னேன். அக்கா தலையாட்டினார். சொன்னபிறகுதான் எனக்கு விமானத்தில் ஏற மனம் வந்தது.

9. போனபிறகு

வீடியோ அழைப்பு எடுக்காதீர்கள். இரண்டாம் நாள் ஆசைப்பட்டு எடுத்தேன். "றோசி" என்ற என் குரல் கேட்டதும் காதை நிமிர்த்தி, முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டு என்னைத் தேடத் தொடங்கினாள். சுவர் மூலையில் மூக்கை வைத்து மணந்துகொண்டே இருந்தாள். தம்பி போனை வைத்துவிட்டு அவளைத் தூக்கிவர அரை மணித்தியாலம் பிடித்தது. அதன்பிறகு சத்தமில்லாத படமும் கொப்பிப் பக்கத்தின் படமும் மட்டும் அனுப்பச் சொன்னேன். தோய்க்காத என் வீட்டுச் சட்டையை அவளின் பாயில் விட்டு வந்திருந்தேன். அதற்கு மேல்தான் ஒவ்வொரு இரவும் தலையை வைத்துப் படுத்தாளாம்.

திரும்பி வந்ததும் முதலில் குளிசைகளை எண்ணினேன். கணக்குச் சரி. பாயையும் உதறினேன், ஒன்றும் இல்லை. கொப்பியில் கடைசி வரி தம்பியின் எழுத்தில் இருந்தது: "இரவு 8.05. மருந்து குடுத்தாச்சு, மூக்கை நக்கினவ, கன்னமும் பாத்தன்."

பிறகு சேர்த்தது: தீபாவளி நேரத்தில் போகலாமா என்று ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். என்னைக் கேட்டால் வேண்டாம். வெடிச்சத்தத்துக்குப் பயந்து தடுமாறும் நாய்க்குப் பழகின கை பக்கத்தில் வேண்டும். தவிர்க்க முடியாதென்றால் நடு அறையில் யன்னலைச் சாத்தி, வானொலியைப் போட்டு, இரவு முழுக்க ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

இன்னொன்று: சீனி வருத்தமுள்ள நாய் வைத்திருப்பவர் ஒருவர் கேட்ட கேள்வி நான் யோசிக்காத ஒன்று. இன்சுலின் குப்பிகளில் இரண்டு வகை உண்டு: ஒரு மில்லிலீற்றரில் 40 அலகு உள்ளது, 100 அலகு உள்ளது. ஊசிக்குழாயும் அதற்கேற்ப இரண்டு வகை. இந்தியாவில் 40 பரவலாகக் கிடைக்கும். சென்னையிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் குப்பி ஒன்றும் குழாய் இன்னொன்றுமாகிவிடும். 100 அலகு மருந்தை 40 குழாயில் 10 கோடுவரை இழுத்தால் நாய்க்குப் போவது 25 அலகு. அது உயிரையே எடுத்துவிடலாம். நாய் சாப்பிடாத நாளில் வைத்தியரைக் கேட்காமல் ஊசி போடவும் கூடாது. பார்த்துக்கொள்ளப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு, குப்பியையும் குழாயையும் வைத்தியரிடம் ஒன்றாகக் கொண்டுபோய், அவர் முன்னாலேயே ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.